பழைய டீசல் பிக்கப் வாங்கறப்போ தவிர்க்க வேண்டிய தவறுகள்: கிலோமீட்டரை விடுங்க, வண்டி பாத்த வேலையைப் பாருங்க

சேலத்துல பழைய பிக்கப் பாக்கப் போனா புரோக்கர் வாயில மொதல்ல வர்ற டயலாக் "எஸ்டேட் வண்டிங்கண்ணா, அவங்க சொந்த வேலைக்கு மட்டும்தான் ஓட்டுனது". மீட்டர்ல அறுபதாயிரம்தான் காட்டும், பாடி பளபளன்னு இருக்கும், ரேட்டும் நாம நெனச்சதை விட கொஞ்சம் கம்மியாவே சொல்லுவாப்ல. முக்காவாசிப் பேரு கவுந்துடறது இந்த எடத்துலதான்.

எஸ்டேட் வண்டின்னா என்ன அர்த்தம்னு யோசிச்சுப் பாருங்க, இங்க எஸ்டேட்டுன்னா ஏற்காடு மலைமேல இருக்கற காப்பித் தோட்டம். அடிவாரத்துல இருந்து ஏற்காடு போக இருவது கொண்டை ஊசி வளைவு, சேலம் கடல் மட்டத்துல இருந்து ஆயிரம் அடிகூட இல்ல, மேல ஏறுனா கிட்டத்தட்ட 5,000 அடி. ஏறும்போது இன்ஜின் முழு மூச்சுல இழுக்கணும், இறங்கும்போது பிரேக்கு காயணும், அதோட விட்டுச்சா, எஸ்டேட்டுக்குள்ள போனா தார் ரோடே இல்லாத கல்லும் சேறும், அதுல காப்பி மூட்டையும் சில்வர் ஓக் கட்டையும் ஏத்திட்டு அரை கிளட்ச்ல ஃபர்ஸ்ட் கியர்லயே ஊர்ந்து போன அறுபதாயிரம் அது. இன்னொரு பக்கம் சேலம் - கோயம்புத்தூர் பைபாஸ்ல டாப் கியர்ல ஒரே சீரா பார்சல் லோடு அடிச்ச வண்டி ரெண்டு லட்சம் ஓடியிருக்கும், மீட்டரைப் பாத்ததும் நாம திரும்பி வந்துடறோம். என்னைக் கேட்டா ஆயில் சர்வீஸ் ஒழுங்கா பண்ணியிருந்தா ரெண்டாவதைத்தான் எடுப்பேன். இன்ஜின் தேயறது நின்னு நின்னு கெளம்பறப்பவும் ஓவர் லோடு இழுக்கறப்பவும்தான், சும்மா நேரா ஓடுறப்போ பெருசா தேயாது. போதாததுக்கு மீட்டரையே பின்னாடி ஓட்டி வெச்சிருப்பாங்க. மீட்டர் அறுபதாயிரம் காட்டுது, கிளட்ச் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு இரும்பு தெரியுதுன்னா எது பொய் சொல்லுதுன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால வண்டி இதுக்கு முன்னாடி என்ன லோடு அடிச்சதுன்னு கண்டுபிடிங்க. ஓனர் சொல்லலைன்னாலும் வண்டியே சொல்லும். பெயிண்ட்டையும் சீட் கவரையும் பாத்துட்டு நிக்காதீங்க, ஒரு சாக்கை விரிச்சு அடியில படுங்க. பின்னாடி ஸ்பிரிங் பட்டையை எண்ணுங்க, எல்லாம் பழசா இருக்க நடுவுல ஒண்ணு ரெண்டு மட்டும் புதுசா சொருகியிருந்தா ஓவர் லோடு அடிச்ச வண்டி, கம்பியோ செங்கல்லோ ஜல்லியோ ஏத்தியிருப்பாங்க. சேசிஸ்ல, அதாவது வண்டியோட அடிச்சட்டத்துல, பட்டை மாட்டுற பிராக்கெட் கிட்டயும் கேபினுக்கு நேர் பின்னாடியும் வெல்டிங் வெச்ச தடம் இருக்கான்னு பாருங்க, அந்த எடத்துல மட்டும் புதுசா கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தா கண்டிப்பா சுரண்டிப் பாருங்க. மீன் லோடு, கோழி லோடு அடிச்ச வண்டின்னா தொட்டி அடியில தகடு பொரிஞ்சு போயிருக்கும், உப்புத் தண்ணியும் எச்சமும் இரும்பைத் தின்னுடும். மேல புதுத் தகடு போட்டு மூடியிருப்பாங்க, அடியில இருந்து சுத்தியல்ல லேசா தட்டுனா சத்தமே வேற மாதிரி வரும். தொட்டியைப் பிரிச்சுக் கட்டறது கூட தொலையுது, அந்தத் தண்ணி சேசிஸ்லயும் பிரேக் பைப்லயும் வடிஞ்சிருக்கும், அதுதான் பயம்.

மலை வண்டியான்னு தெரிஞ்சுக்க பின் சக்கரம் ஒண்ணைக் கழட்டி பிரேக் டிரம்மை வெளிய எடுக்கச் சொல்லுங்க. விக்கறவரு மூஞ்சி கொஞ்சம் மாறும், பரவால்ல. உள்பக்கம் நீலம் பூத்த மாதிரி திட்டுத் திட்டா இருந்தாலோ முடி மாதிரி மெல்லிசா விரிசல் ஓடியிருந்தாலோ சூட்டுல வெந்த டிரம் அது. விரல் வெச்சு ஓரத்துல தடவுனா ஒரு வரம்பு தட்டும், வரம்பு எவ்ளோ பெருசோ அவ்ளோ தேஞ்சிருக்குன்னு அர்த்தம். லேத்துல குடுத்து கடைஞ்சா சரியாயிடும்னு சொல்லுவாங்க, ஒரு தடவை கடையலாம், கடைஞ்சு கடைஞ்சு மெலிஞ்ச டிரம் இன்னும் சீக்கிரம் சூடாகும், விரிசல் வந்ததைக் கடையவே கூடாது, மாத்தித்தான் ஆகணும்.

அடுத்த தப்பு, போன் பண்ணிச் சொல்லிட்டுப் போறது. நீங்க வர்றதுக்குள்ள அவங்க ஸ்டார்ட் பண்ணி சூடு ஏத்தி வெச்சிருப்பாங்க. டீசல் வண்டியோட வண்டவாளம் எல்லாம் காலையில மொத ஸ்டார்ட்டுலதான் தெரியும். போனதும் பானட் மேல கை வைங்க, இன்ஜின் வெதுவெதுன்னு இருந்தா டீ குடிச்சுட்டு வர்றேன்னு கெளம்பிடுங்க, மறுநாள் சொல்லாம போங்க. கோல்டு ஸ்டார்ட்ல ரொம்ப நேரம் சுத்த விட்டாத்தான் புடிக்குதுன்னா ஹீட்டர் பிளக்கா இருக்கலாம், பேட்டரியா இருக்கலாம், இல்ல கம்ப்ரஷனே போயிருக்கலாம். மொத ரெண்டுல பெரிய செலவு இல்ல, மூணாவதுதான் இன்ஜின் வேலை. எதுன்னு தெரிய, இன்ஜின் சூடானப்புறம் ஐடிலிங்ல வெச்சுட்டு ஆயில் ஊத்தற மூடியைத் திறந்து அந்த வாய் மேலயே தலைகீழா சும்மா வைங்க. லேசா ஆடுனா பரவால்ல, இட்லி குண்டான் மூடி மாதிரி தடதடன்னு ஆடி புகை தள்ளுச்சுன்னா ரிங்கும் போரும் முடிஞ்சுது. மூடியோட உள்பக்கம் வெளுத்த நொரை ஒட்டியிருந்தா ஆயில்ல தண்ணி கலந்திருக்கலாம், ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகப்படணும். சைலென்சர் புகை நீலமா வந்தா ஆயில் எரியுது. கறுப்பா வந்தா டீசல் அதிகம் இல்ல காத்து பத்தல, ஏர் ஃபில்டர்ல இருந்து இன்ஜெக்டர், டர்போ வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். வெள்ளையா வந்து சூடானப்புறமும் நிக்கலைன்னா விட்டுடுங்க. டிசம்பர்ல ஏற்காட்டுல காலையில எல்லா வண்டியும் கொஞ்ச நேரம் வெள்ளையாத்தான் விடும், அதுக்குப் பயந்து நல்ல வண்டியை விட்டுடாதீங்க.

ஓட்டிப் பாக்கறது டவுனுக்குள்ள அஞ்சு ரோடு பக்கம் ஒரு ரவுண்டு அடிச்சா போதும்னு நெனைக்கறதும் தப்புதான். காலி வண்டி பிளாட் ரோட்டுல எப்பவும் நல்லாத்தான் ஓடும். கோரிமேடு தாண்டி மலைப் பாதையில நாலு வளைவு ஏத்திப் பாருங்க, முடிஞ்சா நாலு மூட்டையாவது போட்டுட்டு. ஏறும்போது டெம்பரேச்சர் முள் மேலேயே கண்ணு இருக்கட்டும். இறங்கும்போது செகண்ட்ல போட்டு ஆக்சிலேட்டரை விட்டுடுங்க, கியர் தானா துள்ளி நியூட்ரலுக்கு வந்தா கியர் பாக்ஸ் வேலை இருக்கு, இதை பிளாட் ரோட்டுல கண்டுபிடிக்கறது கஷ்டம். பின்னாடி இருந்து ஊளையிடற மாதிரி சத்தம் வந்து ஆக்சிலேட்டர் குடுக்கறப்போ ஒரு மாதிரி விடறப்போ ஒரு மாதிரி மாறுச்சுன்னா கிரவுன், அதாவது பின் ஆக்சில்ல இருக்கற பல்சக்கரம் தேஞ்சிருக்கு. கிளட்சுக்கு ஈஸியான டெஸ்ட் இருக்கு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து மூணாவது கியர் போட்டு மெதுவா கிளட்சை விடுங்க, இன்ஜின் திணறி ஆஃப் ஆகணும், ஆஃப் ஆகாம இரைஞ்சுட்டே இருந்தா பிளேட் முடிஞ்சுது.

எந்த வண்டின்னு கேக்கறவங்களுக்கு, மலைமேல லோடு அடிக்கணும்னா பழைய குட்டி யானை வேண்டாம். 2005ல வந்த அந்த டாடா ஏஸ் ரெண்டு சிலிண்டர், 702 சிசி, 16 எச்பி. டவுனுக்குள்ள தண்ணி கேன் போட, செவ்வாப்பேட்டையில மூட்டை எடுக்க அதை அடிச்சுக்க ஆள் இல்ல, ஆனா டர்போ இல்லாத இன்ஜின் உயரம் போகப் போக காத்து மெலிஞ்சு இன்னும் சோந்து போயிடும். மஹிந்திரா பொலிரோ பிக்கப், அசோக் லேலண்ட் தோஸ்த் மாதிரி, காத்தை அழுத்தி உள்ள தள்ளற டர்போ வண்டியாப் பாருங்க, பார்ட்ஸும் எந்தக் கடையிலயும் கெடைக்கும். டீசலை மெக்கானிக்கல் பம்ப் அடிக்கற பழைய இன்ஜின் நல்லதா, கம்ப்யூட்டர் கணக்குப் பாத்து அடிக்கற காமன் ரெயில் நல்லதாங்கறது தீராத சண்டை. பழைய பம்ப் வண்டி எந்த ஊர் மெக்கானிக்கும் பாப்பாங்க, காமன் ரெயில் இழுவையும் மைலேஜும் குடுக்கும் ஆனா டீசல்ல தண்ணி போச்சுன்னா இன்ஜெக்டர் செலவு வண்டி விலையோட போட்டி போடும். புகைக்கட்டுப்பாட்டு விதி 2017 ஏப்ரல்ல இருந்து நாடு முழுக்க பிஎஸ்4, 2020 ஏப்ரல்ல இருந்து பிஎஸ்6, வருஷத்தைப் பாத்தாலே எந்தப் பக்கம்னு ஓரளவு தெரிஞ்சுடும். பத்து வருஷம் ஆன டீசல் வண்டி ஓட்ட முடியாதாமேன்னு பயப்படறாங்க, அது டில்லியைச் சுத்தி இருக்கற ரூல், நம்ம ஊருக்கு இல்ல.

பேப்பர்ல சொதப்பறதைப் பத்தி சுருக்கமா சொல்லிடறேன். "பேரு அப்பறம் மாத்திக்கலாம் தம்பி, ஃபார்ம்ல கையெழுத்து வாங்கித் தந்துடறேன்"னு சொன்னா ஒத்துக்காதீங்க. பேரும் இன்சூரன்ஸும் மாத்தாம ஒரு ஆக்சிடென்ட் ஆச்சுன்னா உங்க வண்டி டேமேஜுக்குக் கிளெய்ம் கெடைக்காது, கேஸுக்கு ஆர்சியில பேரு இருக்கறவரைத்தான் தேடுவாங்க, அவரு உங்களைத் தேடுவாரு. இன்சூரன்ஸை வாங்குன 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். ஃபைனான்ஸ் இருந்த வண்டின்னா கடன் முடிஞ்ச என்ஓசியும், ஆர்சியில இருந்து கடனை நீக்கற ஃபார்ம் 35ம் கைக்கு வந்தப்புறம் முழுப் பணம் குடுங்க. எஃப்சி, அதாவது வண்டி ஓடத் தகுதின்னு குடுக்கற சர்டிஃபிகேட், எட்டு வருஷம் வரைக்கும் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, அதுக்கு மேல வருஷா வருஷம், அதனால எஃப்சி எத்தனை மாசம் மிச்சம்னு பாத்து ரேட் பேசுங்க. மொத்த எடை 3,000 கிலோவுக்குள்ள இருந்தா பெர்மிட் தொல்லை இல்ல, ஆர்சியில என்ன போட்டிருக்குன்னு பாருங்க. தொட்டியை உசத்தி கூண்டு கட்டியிருந்தா அது ஆர்சியில ஏறியிருக்கான்னும் கேளுங்க. அரசாங்கத்தோட பரிவாகன் வெப்சைட்ல நம்பரைப் போட்டு வரி பாக்கி, அபராதம் எல்லாம் பாத்துட்டு, சேசிஸ் நம்பரை நீங்களே பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒத்துப் பாத்துடுங்க.

வண்டியை வாங்குனப்புறம் பண்ற தப்புங்கதான் நெறைய, அதுலயும் தண்ணி விஷயம். ரேடியேட்டர்ல போர் தண்ணியைப் புடிச்சு ஊத்தறது இங்க பழக்கமாவே ஆயிடுச்சு. உப்புத் தண்ணி, உள்ள படிஞ்சு குழாயை அடைச்சுடும், ஏத்தத்துல சூடு ஏறும். உடனே மெக்கானிக் ஒருத்தரு "தெர்மோஸ்டாட் வால்வை உருவிட்டேன், இனி சூடே ஆகாது"ன்னு சொல்லி அனுப்புவாரு, நாமளும் சந்தோஷமா வந்துடுவோம். வால்வு இல்லாத இன்ஜின் குளிர்ல வேணுங்கற சூட்டுக்கே வராது, டீசல் சரியா எரியாம புகை விடும், மைலேஜ் குறையும், ரிங் சீக்கிரம் தேயும். வாங்குனதும் ஃப்ளஷ் பண்ணிட்டு வால்வு இருக்கான்னு பாத்துட்டு கூலன்ட் ஊத்துங்க. சூடா இருக்கறப்போ மூடியைத் திறக்காதீங்க, கையும் மூஞ்சியும் வெந்துடும்.

பழைய ஓனர் எப்போ மாத்துனாருன்னு கேட்டுட்டு இருக்காம இன்ஜின் ஆயில், மூணு ஃபில்டரு, கியர் ஆயில், கிரவுன் ஆயில், பிரேக் ஆயில் எல்லாத்தையும் மொத வாரத்துலயே மாத்திடுங்க, அன்னைல இருந்து உங்க கணக்கு. குறையக் குறைய ஊத்திக்கிட்டே இருந்தா அது ஆயில் மாத்துனதா ஆகாது. லூஸ்ல விக்கற ஆயில் பக்கமே போகாதீங்க. டீசல் ஃபில்டர் அடியில தண்ணி வடிக்கற ஸ்க்ரூ இருக்கும், மழைக்காலத்துல அடிக்கடி திறந்து ஒரு பாட்டில்ல புடிச்சுப் பாருங்க, கொஞ்ச நேரம் வெச்சா தண்ணி அடியில தனியா நிக்கும். கல் கிரஷர், மேக்னசைட் சுரங்கம் பக்கம் ஓடுறவங்க ஏர் ஃபில்டரை உள்ள இருந்து வெளிய ஊதுங்க, வெளிய இருந்து ஊதுனா தூசி பேப்பருக்குள்ள இன்னும் ஏறும்.

இதுல பிரேக் ஆயில்தான் யாரும் கண்டுக்காதது. அது காத்துல இருக்கற ஈரத்தை இழுக்கும், பழசாகப் பழசாக சீக்கிரம் கொதிக்கும், ஏற்காட்டுல இருந்து பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்குனா உள்ள ஆவி கட்டி பெடல் பஞ்சாட்டம் கீழ போயிடும். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. டீசல் மிச்சம் புடிக்கறேன்னு நியூட்ரல்ல இறங்கறது அதை விட மோசம், கியர்ல ஆக்சிலேட்டரை விட்டுட்டு இறங்குனாலே இன்ஜினுக்கு டீசல் போறது சொற்பம்தான், காமன் ரெயில்ல சுத்தமா கட் ஆயிடும், அப்புறம் எதுல மிச்சம்? இன்ஜினையும் ஆஃப் பண்ணிட்டு இறங்கற மகராசங்களும் இருக்காங்க, ரெண்டு மிதி மிதிச்சா பூஸ்டர்ல வாக்குவம் தீந்துடும், அப்புறம் பெடல் கல்லு மாதிரி நிக்கும், பவர் ஸ்டியரிங்கும் இருக்காது. ஏற எந்தக் கியரோ இறங்கவும் அதே கியர், ஏறி வர்ற வண்டிக்கு வழி விடணும். மேல போய்ச் சேந்ததும் டர்போ வண்டியை டக்குன்னு ஆஃப் பண்ணாம ஒரு நிமிஷம் ஐடிலிங்ல விடுங்க, சூட்டுல ஆயில் நின்னுட்டா டர்போ பேரிங்ல கருகிடும்.

மேட்டுல நிறுத்தறப்போ ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாம, மேட்டைப் பாத்து நிக்குதுன்னா ஃபர்ஸ்ட், பள்ளத்தைப் பாத்து நிக்குதுன்னா ரிவர்ஸ் போட்டு, சக்கரத்துக்கு ஒரு கல்லும் வைங்க. கெளம்பறப்போ அந்தக் கல்லை எடுத்து ஓரமாப் போட்டுட்டுப் போங்க, பனி மூட்டத்துல பின்னாடி வர்ற டூவீலர்காரனுக்கு அது தெரியாது.