நூறு நட்சத்திரங்களைக் கணினியில் ஓட்டிப் பார்ப்போமா?

நட்சத்திரக் கொத்து காலப்போக்கில் எப்படி மாறுகிறது என்று பார்க்க, பைத்தான் நிரல்மொழியும், அதற்கான நம்பை (NumPy) என்ற கணக்கு நூலகமும் உள்ள சாதாரண லேப்டாப் போதும்.

படி 1: ஒரு கோளத்துக்குள் 100 புள்ளிகளைத் தாறுமாறாகத் தூவுங்கள். அதில் 10 மட்டும் மற்றதைவிடப் பத்து மடங்கு கனமாக இருக்கட்டும். மொத்த நிறை, கோளத்தின் ஆரம், ஈர்ப்பு மாறிலி மூன்றையும் 1 என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது.

படி 2: ஒவ்வொன்றுக்கும் ஏதோ ஒரு திசையில் வேகம் கொடுங்கள். மொத்த இயக்க ஆற்றல், நிலை ஆற்றலின் அளவில் பாதி இருக்க வேண்டும். குறைந்தால் கொத்து உள்நோக்கிச் சரியும். நிலை ஆற்றலையே மிஞ்சிவிட்டால் கலைந்து ஓடும்.

படி 3: மற்ற 99-ம் சேர்ந்து ஒரு நட்சத்திரத்தை எவ்வளவு முடுக்குகின்றன என்று கூட்டுங்கள். இங்கேதான் பலருக்கும் சறுக்கும். இரண்டு புள்ளிகள் மிக நெருங்கினால் தூரம் கிட்டத்தட்ட பூஜ்யம். அதன் வர்க்கத்தால் வகுத்தால் விசை எகிறி, நட்சத்திரம் திரையை விட்டே பறந்துவிடும். அதனால் தூரத்தின் வர்க்கத்தோடு 0.02-ன் வர்க்கத்தையும் கூட்டிவிடுங்கள்.

படி 4: நேரத்தைச் சின்னச் சின்னக் காலப்படிகளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் அரைப்படிக்கு வேகத்தை மாற்றுங்கள், முழுப்படி நகர்த்துங்கள், முடுக்கத்தை மறுபடி கணக்கிடுங்கள், மீதி அரைப்படி வேகத்தை மாற்றுங்கள். இதுதான் லீப்ஃபிராக் முறை. படியின் தொடக்கத்தில் இருக்கும் வேகத்தையும் முடுக்கத்தையும் வைத்தே முழுப்படியும் தாவும் ஆய்லர் முறை வேண்டாம். அதில் சுற்றுப்பாதைகள் தாமாகவே அகன்றுகொண்டே போகும். காலப்படி 0.001 போதும்.

படி 5: ஆயிரம் காலப்படிக்கு ஒருமுறை மொத்த ஆற்றலை அச்சிடுங்கள். ஒரு சதவீதத்துக்கு மேல் மாறினால், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் நம்பாதீர்கள். காலப்படியைப் பாதியாக்குங்கள்.

படி 6: கனமானவற்றுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து, நேரம் 100 வரை ஓட விடுங்கள். நெருங்கிக் கடக்கும்போது கனமானவை சராசரியாக ஆற்றலை இழந்து மையத்துக்கு இறங்கும். அதை வாங்கிக்கொண்ட லேசானவை வெளியே போகும், சில தப்பியே ஓடும். சுமார் 150 ஒளியாண்டு தொலைவில் ரிஷப விண்மீன் கூட்டத்தில் இருக்கும் ஹையடீஸ் கொத்திலிருந்து கழன்ற நட்சத்திரங்கள் இருபுறமும் வாலாக நீண்டிருப்பதை, நட்சத்திரங்களின் இடத்தையும் நகர்வையும் அளந்த கெயா விண்கலத்தின் தரவுகளிலிருந்து கண்டுபிடித்திருக்கிறார்கள். அங்கே பால்வெளியின் இழுப்பும் சேர்கிறது. நம் நிரலில் அது இல்லை.

படி 7: அப்புறம் கேலக்ஸி. பல ஆயிரம் கோடி நட்சத்திரங்கள் இருக்கும் இடத்தில் இரண்டு தனி நட்சத்திரங்களின் சந்திப்பு எதையும் பெரிதாக மாற்றாது. இன்னொரு கேலக்ஸி அருகில் வந்தால் உருவமே மாறும். எனவே இரண்டு கனமான புள்ளிகளை வையுங்கள். ஒன்றைச் சுற்றி நிறையற்ற புள்ளிகளை ஒரு தட்டையான வட்டு போல வட்டமாக ஓட விட்டு, மற்றதை மெதுவாகக் கடந்துபோகச் செய்யுங்கள். 1972-ல் ஆய்வாளர்களான தூம்ரே சகோதரர்கள், ஒன்றோடொன்று மோதும் ஆன்டெனா கேலக்ஸிகளின் நீண்ட வால்களை இந்த வழியில்தான் விளக்கினார்கள். வட்டு சுழலும் திசையிலேயே கடந்தால் வால் நன்றாக நீளும். எதிர்த் திசையிலும் ஒருமுறை விட்டுப் பாருங்கள், வட்டு பெரிதாகக் குலையாது.