பேட்ஜ் அப்புறம், முதலில் கேள்விப் பெட்டி: நிரல் உதவித் தளம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் பிடிஎம் லேஅவுட், மாரத்தஹள்ளி பக்கம் பிஜியில் தங்கி நிரல் எழுதும் (கோடிங்) கோர்ஸ் படிக்கிற தமிழ்ப் பிள்ளைகள் நிறையப் பேர். தருமபுரி, சேலம், திருவண்ணாமலை என்று பல ஊர்க்காரர்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவர்களும் இவர்களில் உண்டு. வகுப்பில் எழுந்து ஆங்கிலத்தில் கேட்கத் தயங்கிவிட்டு, ராத்திரி சாப்பிட்டு முடித்த பிறகு போனை எடுத்து, “அண்ணா, இந்த எரர் ஏன் வருது?” என்று கேட்பார்கள். இவர்களுக்காகவே இங்கே வேலை பார்க்கிற தமிழர்கள் சிலர் வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ குழு தொடங்குகிறார்கள். கூட்டம் சேர்ந்ததும் சொந்தமாக ஒரு தளம் கட்டலாம் என்ற பேச்சு வருகிறது. என்னென்ன வேண்டும் என்று பட்டியல் போடுவார்கள்: பேட்ஜ் (பதில் சொல்கிறவருக்குப் பதக்கம்), லீடர்போர்டு (யார் முந்தி என்று காட்டும் பட்டியல்), டார்க் மோட், தனிச் செயலி. கேள்வி எழுதுகிற பெட்டியைப் பற்றி அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட இருக்காது.

நான் பார்த்தவரை மற்றத் தவறுகள் எல்லாம் இங்கிருந்துதான் கிளம்புகின்றன. ஏற்கெனவே குழுவில் புழங்கிப் பழகியவர்களுக்காகத் தளம் கட்டுகிறோம். முதல் தடவை பயந்துகொண்டே வருகிறவரையும், எதுவும் கேட்காமல் தேடிப் படித்துவிட்டுப் போகிறவரையும் மறந்துவிடுகிறோம்.

வெறும் பெட்டியை நீட்டுவது

எந்தக் குறிப்பும் இல்லாத பெட்டியைக் கொடுத்தால் “கோட் ஒர்க் ஆகல அண்ணா” என்ற ஒற்றை வரியும், திரையைச் சாய்வாகப் பிடித்த ஒரு போட்டோவும்தான் வரும். பதில் சொல்ல வந்தவர் எந்த வரி என்று கேட்பார், எந்த வெர்ஷன் என்பார், முழு எரரையும் போடச் சொல்வார். இப்படி மூன்று சுற்று போவதற்குள் ஒருவர் தூங்கப் போயிருப்பார், இன்னொருவர் பொறுமை இழந்திருப்பார். தவறு கேட்டவர் மேல் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பெட்டி அவரிடம் கேட்கவே இல்லையே.

பெட்டியை நான்காகப் பிரியுங்கள்: என்ன செய்யப் பார்த்தீர்கள், நிரல், எரர், என்ன வரும் என்று எதிர்பார்த்தீர்கள். எரர் பெட்டிக்குள் பைத்தான், ஜாவா என்று நிரல் மொழிக்கு ஏற்ற ஒரு சின்னக் குறிப்பு இருந்தால் இன்னும் நல்லது. பைத்தானில் என்ன பிழை என்பது எரர் செய்தியின் கடைசி வரியில் இருக்கும். மாணவர்கள் பெரும்பாலும் மேல் பாதியை மட்டும் படம் பிடித்து அனுப்புவார்கள். ஜாவாவில் பிழையின் பெயர் மேலே இருக்கும், ஆனால் அதற்கான மூல காரணம் பல வரிகளுக்குக் கீழே இன்னொரு தலைப்போடு வரும். ‘பைத்தான்’ என்று தேர்ந்தெடுத்ததும் “கடைசி வரியை விட்டுவிடாதீர்கள்” என்று காட்டுவதற்குப் பெரிய நிரல் ஒன்றும் தேவையில்லை.

அதற்காக எல்லாவற்றிலும் சிவப்பு நட்சத்திரம் குத்தி, நிரப்பாவிட்டால் அனுப்ப முடியாது என்று பூட்டிவிடாதீர்கள். அப்படிச் செய்தால் புள்ளி புள்ளியாகத் தட்டிவிட்டு அனுப்புவார்கள், அல்லது போய்விடுவார்கள். போட்டோவையும் தடை செய்ய வேண்டாம். பயிற்சி நிலையத்துக் கணினியில் வெளித் தளங்களைத் திறக்க முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குப் போட்டோதான் ஒரே வழி. போட்டோவை ஏற்றுக்கொண்டு, எரரின் ஒரு வரியை மட்டும் கையால் தட்டச் சொன்னால் போதும்.

நிரல் எழுதுவோர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டுப் பதில் பெறும் ஸ்டாக் ஓவர்ஃபுளோ தளம் 2008-இல் தொடங்கியது. புதியவர்களின் கேள்வியைப் பொதுவில் விடும் முன், அனுபவம் உள்ளவர்கள் தனியிடத்தில் பார்த்துத் திருத்த உதவும் ‘ஸ்டேஜிங் கிரவுண்ட்’ ஏற்பாட்டை அது 2024-இல்தான் கொண்டுவந்தது. அவ்வளவு பெரிய தளம் 16 ஆண்டுக்குப் பிறகு போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து நாம் தொடங்கலாம்.

நிரலையும் பேச்சையும் ஒரே இடத்தில் தட்டச் சொல்வது

டெலிகிராமில் ஒரு சொல்லுக்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு அடிக்கோடு போட்டால் அது சாய்வெழுத்தாகிவிடும், அடிக்கோடுகள் காணாமல் போகும். பைத்தானில் கிளாஸ் எழுதும்போது முதலில் கற்றுத்தருகிற ‘இனிட்’ (__init__) அப்படித்தான் எழுதப்படுகிறது. மாணவர் சரியாகத்தான் எழுதியிருப்பார். குழுவில் வந்து விழும்போது அடிக்கோடு இருக்காது. “அண்டர்ஸ்கோர் போடல பாரு” என்று அண்ணன் சொல்ல, “போட்டிருக்கேன் அண்ணா” என்று இவர் சத்தியம் செய்ய, உண்மையான பிழை எங்கேயோ வேறு வரியில் கிடக்கும்.

நேரான மேற்கோள் குறியைப் போன் கீபோர்டு வளைந்த குறியாக மாற்றிவிடுவதும் இதே வகைதான். அதை அப்படியே நகலெடுத்து ஓட்டினால் இல்லாத புதுப் பிழை முளைக்கும். நிரலுக்குத் தனிப் பெட்டி வேண்டும். அதில் எந்தத் தானியங்கித் திருத்தமும் கூடாது. போன் திரையில் நீளமான வரி மடிந்து அடுத்த வரிக்கு வரக் கூடாது, பக்கவாட்டில் நகர வேண்டும். வரி மடிந்தால் எது எதற்குள் இருக்கிறது என்பதே தெரியாது. பைத்தானில் வரியின் தொடக்கத்தில் விடும் இடைவெளிதான், அந்த உள்தள்ளல்தான் இலக்கணம்.

“தேடிப் பாரு” என்று சொல்லிவிட்டு, தேடலைக் கவனிக்காமல் விடுவது

எனக்கு அதிக ஆதங்கம் இதில்தான். “ஏற்கெனவே கேட்டாச்சு, தேடிப் பாருங்க” என்று மூத்தவர்கள் சொல்வார்கள். அவர் தேடிவிட்டுத்தான் வந்திருப்பார். தளம் கண்டுபிடித்துத் தந்திருக்காது.

தமிழில் தேடுவது தனிக் கதை. ஒருவர் பைத்தான் என்பார், இன்னொருவர் பைதான், மற்றொருவர் ஆங்கில எழுத்திலேயே எழுதுவார். ‘பிழை’ என்று தேடுகிறவருக்குப் பிழையை, பிழையில், பிழைகள் என்று எழுதிய பக்கங்களும் கிடைக்க வேண்டும். வேற்றுமை உருபு ஒட்டிக்கொள்ளும் மொழிக்குச் சொல்லின் அடியைப் பிரித்துத் தேடும் வசதி தேவை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் 12-ஆம் பதிப்பிலேயே, அதாவது 2019-இலேயே, தமிழுக்கான அந்த வசதி வந்துவிட்டது. அதே தரவுத்தளத்தை வைத்துக்கொண்டு அதை இயக்காமலே விட்டிருக்கும் தளங்கள் உண்டு. எழுத்துக்கூட்டல் வேறுபாட்டுக்கு மாற்றுப்பெயர் பட்டியல் ஒன்று போதும், எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே குறிச்சொல்லில் போய் நிற்க வேண்டும்.

இன்னும் நுணுக்கமான சிக்கல் ஒன்று உண்டு. ‘கோப்பு’ என்ற சொல்லின் முதல் எழுத்தை, கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீடான யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம், அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக வரலாம். பிடிஎஃபிலிருந்து நகலெடுத்த உரையில் சில நேரம் இரண்டாவது வகை வந்துவிடும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், கணினிக்கு வேறு வேறு. ஒரு வகையில் எழுதியதை மறு வகையில் தேடினால் அகப்படாது. சேமிக்கும்போதும் தேடும்போதும் உரையை ‘என்எஃப்சி’ (NFC) என்ற ஒரே சீரான வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும், பைத்தானில் அதற்கு ஒரு வரி போதும். அதே சொல் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, கணினியின் கணக்கில் ஆறு. தலைப்புக்கு இத்தனை எழுத்துதான் என்று ஆங்கிலத்தை மனதில் வைத்து எல்லை போட்டால், தமிழில் எழுதுகிறவருக்குப் பாதி வழியிலேயே தலைப்பு அறுந்துவிடும்.

ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதுகிறவர்களைத் திட்டி விரட்டாதீர்கள். அப்புறமாக ஒரு தன்னார்வலர் தலைப்பைத் திருத்திக்கொள்ளட்டும். ஆனால் எரர் செய்தியின் ஆங்கில வரியை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவோ சுருக்கவோ கூடாது. எத்தனை பேர் எத்தனை விதமாகக் கேட்டாலும் மாறாமல் இருப்பது அந்த ஒரு வரிதான். நாளை அதே பிழையில் மாட்டுகிறவர் அதைத்தான் தேடல் பெட்டியில் ஒட்டுவார்.

புள்ளிகளைச் சுற்றித் தளம் கட்டுவது

ஸ்டாக் ஓவர்ஃபுளோவில் நீண்ட காலமாகப் பிறர் பதிவில் கருத்து எழுத 50 புள்ளி வேண்டியிருந்தது, ஆதரவு வாக்குப் போட 15 வேண்டியிருந்தது. அவ்வளவு பெரிய கூட்டத்தில் குப்பையைத் தடுக்க அது தேவையாக இருந்திருக்கலாம். நூறு பேர் இருக்கிற நம் குழுவில் அதே கதவைப் போட்டால் உள்ளே வர ஆள் இருக்காது. புதியவர்களை அந்தத் தளம் சரியாக வரவேற்கவில்லை என்று 2018-இல் அந்த நிறுவனமே வெளிப்படையாக எழுதியது.

லீடர்போர்டு வந்தால் வேகத்துக்குத்தான் மதிப்பு. யார் முதலில் இரண்டு வரி போடுவது என்ற போட்டியில் விளக்கம் காணாமல் போகிறது. அதைவிட, கேட்டவர் திரும்பி வந்து “இதைச் செய்தேன், சரியாகிவிட்டது” என்று எழுத ஒரு பொத்தான் வையுங்கள், ஒரு நாள் கழித்து நினைவூட்டலும் அனுப்புங்கள். பதிலில் ஆண்டும் வெர்ஷனும் தெரிய வேண்டும். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்தது. அந்தக் காலத்துப் பதிலைப் பார்த்து அடைப்புக்குறி இல்லாமல் ‘பிரிண்ட்’ கட்டளையை எழுதிவிட்டு, இன்றைய பைத்தானில் அது ஓடாமல் முழிக்கிறவர்கள் இன்னும் வருகிறார்கள். ஏற்கப்பட்ட பதிலை எப்போதும் மேலேயே வைத்திருக்கும் பழக்கத்தை ஸ்டாக் ஓவர்ஃபுளோவும் 2021-இல் விட்டுவிட்டது.

பெண்களின் தயக்கத்தைக் கணக்கில் எடுக்காதது

வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் பொதுவாக நம் எண் எல்லோர் கண்ணிலும் படும். ஒரு பெண் கேள்வி கேட்ட கொஞ்ச நேரத்தில் “ஹாய், நான் ஹெல்ப் பண்றேன்” என்று தனிச் செய்தி வரும். ஒரு தடவை அப்படி நடந்தால் அவர் அடுத்த கேள்வி கேட்க மாட்டார், அவருடைய அறைத் தோழிகளும் கேட்க மாட்டார்கள். இதை ஒழுக்கம் பற்றிய அறிவுரையால் சரிசெய்ய முடியாது, அமைப்பால் முடியும். எண்ணும் மின்னஞ்சலும் யாருக்கும் தெரியக் கூடாது. புனைபெயரில் கேட்க முடிய வேண்டும். தனிச் செய்தி தொடக்கத்திலிருந்தே அணைந்திருக்க வேண்டும், வேண்டுமென்றால் அவரே திறந்துகொள்ளட்டும். எல்லோரையும் ‘ப்ரோ’ என்று கூப்பிடும் வரவேற்புச் செய்தியையும் மாற்றிவிடுங்கள். டார்க் மோடுக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை இது.

அலுவலக நிரலைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடவுச்சொல், சேவைகளுக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி (ஏபிஐ கீ) போன்றவை நிரலோடு சேர்ந்து வந்து விழும். பதிவிடும் முன்பே தளம் அதைக் கண்டு எச்சரிக்க வேண்டும். பதிவை அழித்தால் போதும் என்று விடாமல், அந்தச் சாவியையே ரத்து செய்யச் சொல்ல வேண்டும், ஏனென்றால் திருத்த வரலாற்றில் அது அப்படியே இருக்கும்.

ஏஐ பற்றி இரண்டு துருவங்கள்

சாட்ஜிபிடி வந்த சில நாட்களில், 2022 டிசம்பரில், அதன் பதில்களை ஒட்டுவதை ஸ்டாக் ஓவர்ஃபுளோ தடை செய்தது. நம் குழுக்களில் ஒரு பக்கம் ‘ஏஐ என்று சொன்னாலே வெளியே’ என்கிறார்கள், இன்னொரு பக்கம் ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பதிலைப் பாட் போடட்டும் என்கிறார்கள். இரண்டும் வேண்டாம் என்பது என் கருத்து. இன்றைய மாணவர் ஏஐயிடம் கேட்டு, அது தந்த நிரல் ஓடாமல் போன பிறகுதான் நம்மிடம் வருகிறார். திட்டு விழும் என்று பயந்தால் அதை மறைப்பார், அப்போது அவருக்கு எது புரியவில்லை என்பது நமக்குத் தெரியாமலே போகும். ‘இது ஏஐ தந்த நிரலா?’ என்று கேள்விப் பெட்டியில் சாதாரணமாக ஒரு டிக் பெட்டி வையுங்கள். பதில் எழுதுகிறவருக்கு ஒரே நிபந்தனை: ஓட்டிப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

மடிக்கணினியில் மட்டும் சோதிப்பது

பெரிய திரையில், அலுவலக வைஃபையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். ஐந்து பேரை வைத்துச் சோதித்தாலே பெரும்பாலான சிக்கல்கள் வெளியே வந்துவிடும் என்று பயன்பாட்டு வல்லுநர் ஜேக்கப் நீல்சன் 2000-இல் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை கப்பன் பூங்காவுக்கு ஐந்து மாணவர்களை வரச் சொல்லுங்கள். அவர்களுடைய போனிலேயே, அவர்களுடைய டேட்டாவிலேயே ஒரு கேள்வி போடச் சொல்லிவிட்டு வாயே திறக்காமல் பக்கத்தில் உட்காருங்கள். “அங்கே அழுத்துப்பா” என்று சொல்லத் தோன்றும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நான் பக்கத்தில் இருந்து பார்த்த ஒரு மாணவி கேள்வி முழுவதையும் எழுதி முடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் திரையைத் தடவிக்கொண்டிருந்தார். ‘பதிவிடு’ பொத்தான் கீபோர்டுக்குக் கீழே ஒளிந்திருந்தது. அதை மேலே ஏற்றி வைப்பது சின்ன வேலைதான், எந்த பேட்ஜுக்கும் முன்னால் அதை முடித்துவிடுங்கள்.