டிரைவாலுக்குப் பின்னால் கட்டை எங்கே இருக்கிறது?

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம். அங்கே சுவர் என்றால் செங்கல் சுவர்தான். சுத்தியலை எடுத்து நினைத்த இடத்தில் அடிக்கலாம். ஆணி வேண்டுமானால் வளையும், சுவர் அசையாது. அந்த நினைப்பிலேயே நியூஜெர்சியில் நாங்கள் வாங்கிய பழைய வீட்டில் பூஜை அலமாரியை மாட்டினேன். 1987-இல் கட்டிய வீடு. அலமாரியோடு வந்த நான்கு பிளாஸ்டிக் ஆங்கரை, அதாவது ஸ்க்ரூவைப் பிடித்துக்கொள்ளும் உறையை, சுவரில் செருகி, ஸ்க்ரூவை முடுக்கி, குத்துவிளக்கு, பித்தளைப் பிள்ளையார், குங்குமச் சிமிழ் எல்லாம் அடுக்கிவிட்டேன்.

மூன்றாம் நாள் நடுராத்திரி தடாலென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளையார் சாப்பாட்டு மேசைக்கு அடியில் கிடக்கிறார். சுவரில் நான்கு பொத்தல், தரையில் விபூதி கொட்டினாற்போல வெள்ளைத் தூள். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் ஒரு பொத்தலுக்குள் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இது சுவரா, அட்டைப்பெட்டியா?" என்றார்.

"அட்டைப்பெட்டிதான் அத்தை."

பொய்யில்லை. இங்கே வீட்டுக்குள் நாம் பார்க்கும் சுவர் பெரும்பாலும் அரை இஞ்ச் கனமுள்ள ஜிப்சம் பலகை, இரண்டு பக்கமும் காகிதம் ஒட்டியது. டிரைவால் என்பது அதுதான். அதற்குப் பின்னால் வெற்றிடம், நடுநடுவே செங்குத்தாக நிற்கும் மரக்கட்டை. அந்தக் கட்டைதான் ஸ்டட். பாரம் எதுவானாலும் ஸ்க்ரூ அதில் இறங்க வேண்டும். டூ-பை-ஃபோர், அதாவது இரண்டுக்கு நாலு இஞ்ச், என்று பெயர், ஆனால் அளந்தால் ஒன்றரைக்கு மூன்றரை இஞ்ச்தான் இருக்கும். ஒன்றரை இஞ்ச் பக்கம் நம்மைப் பார்த்து நிற்கிறது. ஆக, நாம் தேடுவது ஒன்றரை இஞ்ச் அகலக் கோடு ஒன்றை.

நான் முதலில் செய்தது, எல்லாரையும் போல, ஒரு ஸ்டட் ஃபைண்டர் வாங்கியது. சுவரில் வைத்து நகர்த்தினால் கட்டை இருக்கும் இடத்தில் கத்த வேண்டிய கருவி. மலிவானது. அது கத்தாத இடமே இல்லை. ஒரே சுவரில் போன தடவை கத்திய இடத்தில் இந்தத் தடவை சும்மா இருக்கும். சுவருக்குப் பின்னால் அடர்த்தி மாறுகிறதா என்று மட்டும்தான் அதற்குத் தெரியும். கட்டையா, குழாயா, பழைய ஓட்டையை அடைத்த பூச்சா என்று தெரியாது. கட்டைக்கு நேர் மேலேயே வைத்து ஆன் செய்துவிட்டால், அதையே வெறும் சுவர் என்று எடுத்துக்கொள்ளும் ரகமும் உண்டு. வீட்டில் இருந்தால் பயன்படுத்துங்கள். இடமிருந்து வலமாக ஒரு முறை, வலமிருந்து இடமாக ஒரு முறை மெதுவாக நகர்த்தி, இரண்டு முறையும் கத்திய இடங்களுக்கு நடுவே குறியுங்கள். ஆனால் அது ஒன்றை மட்டும் நம்பி டிரில்லை எடுக்காதீர்கள்.

எனக்குக் கைகொடுத்தது காந்தம். டிரைவாலைக் கட்டையோடு பிடித்து வைத்திருப்பது இரும்பு ஸ்க்ரூ அல்லது ஆணி. மேலே பூசி, பெயின்ட் அடித்து மறைத்திருப்பார்கள், ஆனால் இரும்பு அங்கேயேதான் இருக்கிறது. ஃபிரிட்ஜில் ஒட்டும் பட்டைக் காந்தம் போதாது. பட்டாணி அளவில் வரும் நியோடிமியம் காந்தம் வேண்டும். அதை மாஸ்கிங் டேப்பில் சுற்றி ஒரு நூலில் கட்டிக்கொண்டேன். டேப் சுற்றுவது சுவரில் கீறல் விழாமல் இருக்க. நூலைப் பிடித்துக்கொண்டு காந்தத்தைச் சுவரோடு ஒட்டினாற்போல, கோலத்துக்குக் கம்பி இழுப்பதுபோல் வளைத்து வளைத்து நகர்த்தினேன். பொறுமை வேண்டும், ஸ்க்ரூத் தலை சின்னது. பத்து நிமிடம் ஒன்றுமில்லை. அப்புறம் ஒரு 'டிக்'. கையை எடுத்தேன், காந்தம் விழவில்லை. வெறும் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றது. மாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வந்து பார்த்தார்.

ஒரு இடத்தில் ஒட்டினால் போதாது. அதற்கு நேர் மேலேயும் கீழேயும் தேடுங்கள். ஒரு அடி, ஒன்றேகால் அடிக்குள் இன்னொரு ஸ்க்ரூ அதே நேர்கோட்டில் அகப்பட்டால் அது கட்டைதான். ஒவ்வொரு இடத்திலும் துண்டு நீல டேப் ஒட்டிவிடுங்கள். பென்சில் கோடு பிறகு போகாது. காந்தம் கிடைக்காவிட்டால் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, ஃபோன் டார்ச்சைச் சுவரோடு படுக்க வைத்து அடியுங்கள். ஸ்க்ரூத் தலை இருக்கும் இடங்கள் லேசான மேடாகவோ குழியாகவோ வரிசை கட்டித் தெரியும். எல்லாச் சுவரிலும் தெரியாது. எங்கள் மாடிப்படிச் சுவரில் அப்படித் தெரிந்ததைப் பார்த்த பிறகு பகலில்கூட என் கண் அங்கேதான் போகிறது.

முதல் கட்டை கிடைத்துவிட்டால் மற்றது கணக்கு. ஒரு கட்டையின் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவுக்குப் பெரும்பாலும் 16 இஞ்ச். சில வீடுகளில், முக்கியமாக கராஜில், 24. இங்கே விற்கும் அளவு டேப்பை இழுத்துப் பார்த்தால் 16, 32, 48 என்று வரும் இடங்களில் சிவப்பாகக் குறி இருக்கும், அது இதற்காகத்தான். டிரைவால் பலகையின் அகலம் 4 அடி, அதாவது 48 இஞ்ச், மூன்று பதினாறு. பலகை ஓரம் கட்டையின் மேல் வந்து உட்கார வேண்டுமே, அதனால் வந்த கணக்கு. ஆனால் சுவரின் மூலையிலிருந்து அளக்காதீர்கள். தச்சர் எந்த மூலையிலிருந்து ஆரம்பித்தார் என்று நமக்குத் தெரியாது, கடைசி இடைவெளி பெரும்பாலும் குட்டையாக முடியும். ஜன்னல், கதவு ஓரங்களில் கூடுதல் கட்டைகள் நிற்கும், அங்கேயும் பதினாறு உதைக்கும்.

ஸ்விட்ச் பெட்டியும் ஒரு துப்பு. வீடு கட்டும்போதே வைத்த பெட்டியைக் கட்டையின் பக்கவாட்டில் அடித்திருப்பார்கள். இடப்பக்கமா வலப்பக்கமா என்பதை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். வெற்றிடம் 'டொம்' என்னும், கட்டை இருக்கும் பக்கம் சத்தம் அடங்கி வரும். பின்னாளில் சேர்த்த பெட்டி டிரைவாலையே கவ்விக்கொண்டிருக்கும், அது ஏமாற்றும். இன்னொன்று, ஸ்விட்சுக்கோ பிளக் பாயின்ட்டுக்கோ நேர் மேலேயும் நேர் கீழேயும் துளை போடவே கூடாது. வயர் அந்த வழியாகத்தான் கட்டையை ஒட்டி ஏறி இறங்கும். சுவருக்கு மறுபக்கம் குளியலறையோ சமையலறையோ இருந்தால் குழாயும் இருக்கலாம்.

இவ்வளவும் செய்த பிறகு மெல்லிய ஆணி. அலமாரி மறைக்கப்போகும் இடத்தில், யார் கண்ணிலும் படாத உயரத்தில், ஆணியை மெதுவாகத் தட்டினேன். அரை இஞ்ச் இறங்கியதும் முரண்டு பிடித்தது: கட்டை. கால் இஞ்ச் தள்ளி இன்னொன்று: முரண்டு. இன்னும் கால் இஞ்ச்: சொளுக்கென்று உள்ளே போய்விட்டது. அது ஓரம். மறு ஓரத்தையும் அதேபோல் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே கோடு போட்டேன். ஏழு சின்னப் பொத்தல். வீட்டுக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வந்தார், பழைய நான்கு பொத்தலைக் காட்டினேன்.

இத்தனைக்கும் கட்டைகள் நான் விரும்பிய இடத்தில் இல்லை. அலமாரியின் ஸ்க்ரூத் துளைகளுக்கு இடையே 20 இஞ்ச், கட்டைகளுக்கு இடையே 16. இதற்கு ஒரு எளிய வழி: முக்கால் இஞ்ச் கனமுள்ள ஒரு பலகையைச் சுவர் நிறத்திலேயே பெயின்ட் அடித்து, இரண்டு கட்டைகளுக்குக் குறுக்கே முடுக்கிவிட்டு, அலமாரியைப் பலகையில் மாட்டினேன். பலகையில் எங்கே முடுக்கினாலும் மரம்தானே. ஆனால் அலமாரி ஸ்க்ரூ பலகையோடு நிற்கிற நீளமாக இருக்கட்டும். பலகைக்கு இரண்டரை இஞ்ச் ஸ்க்ரூ. பலகைக்கு முக்கால், டிரைவாலுக்கு அரை, மீதி ஒன்றேகால் கட்டைக்குள். அந்த ஒன்றேகாலுக்கு அர்த்தம் இருக்கிறது. கட்டையைத் துளைத்துப் போகும் வயர் அதன் முகப்பிலிருந்து ஒன்றேகால் இஞ்ச்சாவது உள்ளே போக வேண்டும், இல்லையென்றால் முன்னால் இரும்புத் தகடு அடிக்க வேண்டும் என்பது இங்கே மின்விதி. அதனால் டிரில் மரத்தில் இறங்காமல் உலோகத்தில் கிறீச்சிட்டால் அழுத்தாதீர்கள், நிறுத்திவிட்டு இடத்தை மாற்றுங்கள்.

ஸ்க்ரூவுக்கு முன் சன்னமான டிரில் பிட்டால் வழித்துளை போடும்போது, பிட்டில் ஒட்டி வருவதைக் கவனியுங்கள். முதலில் வெள்ளைத் தூள், அப்புறம் சுருள் சுருளாக மரத்தூள் வந்தால் சரி. வெள்ளைத் தூளோடு நின்று பிட் திடீரென்று உள்ளே விழுந்தால், தவறிவிட்டீர்கள்.

காண்டோவில், அதாவது அடுக்குமாடி வீட்டில், இருப்பவர்களுக்கு இந்தக் கதை கொஞ்சம் மாறும். அங்கே பல கட்டடங்களில் உள்சுவர்க் கட்டைகள் மெல்லிய தகரத்தில் இருக்கும். காந்தம் ஒரு புள்ளியில் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒட்டிக்கொண்டே வந்தால் அதுதான். மர ஸ்க்ரூ அதில் நிற்காது, உள்ளே போனதும் இறக்கை விரித்துப் பிடித்துக்கொள்ளும் டாகிள் போல்ட் வேண்டும். பெரிய டிவி என்றால் தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

அலமாரி ஏறிய அன்று மாமியார் அதன் விளிம்பைப் பிடித்து இரண்டு முறை நன்றாகக் கீழே இழுத்துப் பார்த்தார். பிறகுதான் பிள்ளையாரைக் கொடுத்தார். மறுநாள் காலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த தினக் காலண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, நூலில் ஆடும் காந்தத்தோடு சுவர் சுவராகப் போய்க்கொண்டிருந்தார். "அத்தை, காலண்டருக்குக் கட்டை தேட வேண்டாம், ஒரு சின்ன ஆணி போதும்" என்றேன். "எதுக்கும் இருக்கட்டும்" என்றார்.