பற்றையை விட்டுவைக்கிற காணிக்காரருக்குக் காசு கொடுப்பது எப்படி

அமெரிக்காவில் காணிக்காரர் ஒருவர் தன் நிலத்தைப் பொதுச்சனம் வேட்டையாடத் திறந்துவிட்டால் அவருக்குப் பணம் கொடுக்கிறார்கள். மொன்டானா மாநிலத்தில் இப்படியொரு திட்டம் 1985இல் தொடங்கியது, 2008 விவசாயச் சட்டத்துக்குப் பிறகு மத்திய அரசும் மாநிலங்கள் ஊடாக இதற்குக் காசு கொடுக்கிறது, விலங்குகள் தங்குகிற புல்லையும் பற்றையையும் பேணுவதற்கும் அதில் பங்கு உண்டு.

இலங்கையில், நம் வன்னியில் வேட்டையைத் திறந்துவிட முடியாது. 1937ஆம் ஆண்டுத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் இருக்கிறது, மான், மரை, மயில் எல்லாம் பாதுகாக்கப்பட்டவை. சரி, துவக்கை விட்டுவிட்டு மற்றதை எடுப்போம்: பற்றையை வெட்டாமல் விடுகிறவருக்குக் காசு, பறவை பார்க்க வருகிறவர்களுக்கு வழி. ஊர்ச்சங்கமோ வெளிநாட்டில் இருக்கிற நம் பிள்ளைகளோ சேர்ந்தால் இதைச் செய்யலாம்.

முதலில் காணி யாருடையது என்று பாருங்கள். குளத்தின் அலைகரை, அதாவது தண்ணீர் ஏறி இறங்குகிற ஓரம், அரசாங்கத்தின் ஒதுக்கு, அதற்கு யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். அதை ஒட்டியிருக்கிற வயல்காணியின் பற்றைத் துண்டுதான் வேண்டும். அவர் பெயரில் உறுதி இருக்கிற காணி என்றால் சுலபம், அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணி என்றால் பிரதேச செயலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள். கண்ணிவெடி அகற்றி ஒப்படைத்த இடம்தானா என்பதைக் கிராம அலுவலரிடம் உறுதிசெய்யாமல் ஒரு அடிகூட உள்ளே வைக்க வேண்டாம். யானை நடக்கிற பாதையில் இதைத் தொடங்கவே வேண்டாம்.

எவ்வளவு கொடுப்பது? அண்ணை, இந்தத் துண்டை வெட்டி விதைத்தால் காலபோகத்துக்கு, அதாவது மாரிமழை வெள்ளாமைக்கு, எத்தனை மூட்டை நெல் வரும், உரம், மருந்து, வெட்டுக்கூலி போனால் கையில் என்ன மிஞ்சும் என்று அவரிடமே கேளுங்கள். காட்டோரத்தில் நிழல் விழுகிற அரை ஏக்கரில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது, அது அவருக்கும் தெரியும். மிஞ்சுகிற காசோடு பற்றையைப் பார்த்துக்கொள்கிற நாட்கூலியையும் சேருங்கள். குறைத்துக் கேட்டு மனம் நோகவைத்தால் அடுத்த வருடம் டோசர் வந்துவிடும்.

என்ன செய்ய வேண்டும் என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள்: பாலை, வீரை, நாவல் வெட்டக்கூடாது, தீ வைக்கக்கூடாது, விலங்கு பிடிக்கிற கம்பிச் சுருக்கோ, கட்டிவைத்துத் தானாக வெடிக்கிற கட்டுத்துவக்கோ கூடாது. சுருக்கை வாரம் ஒருமுறை தேட வேண்டும். நான் ஒருமுறை வீரை மரத்தடியில் பழம் பொறுக்கக் குனிந்தபோதுதான் கண்டேன், சைக்கிள் பிரேக் கம்பி, துருப்பிடித்துச் சருகின் நிறத்திலேயே இருந்தது, மறுமுனை வேரில் இறுக்கிக் கட்டியிருந்தது, அந்த வேரின் தோல் சுற்றிவர உரிந்துபோய் இருந்தது. ஏதோ ஒன்று இரவு முழுக்க இழுத்திருக்கிறது. அதனால் தடியால் சருகைக் கிளறிக்கொண்டே நடக்கச் சொல்லுங்கள்.

பற்றை இருந்தால் பன்றியும் வரும், பக்கத்து வயல்காரர் கோபப்படுவது நியாயம். கையெழுத்துக்கு முன்னமே கமக்காரர் அமைப்பில் கதைத்து, வேலிச் செலவில் ஒரு பங்கை உங்கள் கணக்கில் போடுங்கள்.

வருகிறவர்கள் வரம்பில் மட்டும் நடக்க வேண்டும், நாய் கூடாது, விதைப்பு நாளிலும் வெட்டு நாளிலும் வரக்கூடாது.

காசை மூன்றாகப் பிரியுங்கள். விதைப்புக்கு முன் ஒரு பங்கு, வலசைப் பறவைகள் நிற்கிற தை, மாசியில் இன்னொன்று. கடைசிப் பங்கு புரட்டாதியில், ஏனென்றால் தீ வைப்பதெல்லாம் ஆடி, ஆவணி வறட்சியில்தான். அவரோடு எல்லையைச் சுற்றி நடந்து, மரங்களை எண்ணிப் பார்த்துவிட்டு, அங்கேயே கையில் கொடுங்கள்.