ஆற்றங்கரைச் சிற்றூரில் வீடு வாங்கலாமா? படிப்படியாக முடிவெடுக்கும் முறை

நகரத்தில் வேலை. ரயிலில் போய்வரும் தூரத்தில் ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊர். அங்கே நம் கைக்கு எட்டும் விலையில் ஒரு வீடு. இந்த மூன்றும் கூடி வந்தால் மனம் உடனே சரி என்று சொல்லிவிடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான் பேச்சு தொடங்கியது. வாங்குவதா விடுவதா என்று முடிவு செய்ய நாங்கள் போட்ட கணக்குகளையும் எடுத்த அளவுகளையும் வரிசையாக எழுதுகிறேன். பத்திரம், கடன், கட்டடத்தின் உறுதி இவையெல்லாம் எந்த வீட்டுக்கும் பொது என்பதால் அவற்றுக்குள் போகவில்லை. ஆறும் தினசரிப் பயணமும் ஒரே வீட்டில் சேரும்போது வரும் கேள்விகள் மட்டும்தான் இங்கே.

படி 1: பயணத்தை வாசலிலிருந்து வாசல் வரை அளங்கள்

ஆற்றைப் பார்க்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். இதில் தேறாத வீட்டுக்கு மற்ற வேலைகள் எதுவும் வேண்டியதில்லை.

விற்பவர் சொல்லும் பயண நேரத்தில் ரயில் ஓடும் நேரம் மட்டுமே இருக்கும். நிலையத்துக்குப் போக, வண்டியை நிறுத்த, நடைமேடையில் காத்திருக்க, இறங்கி அலுவலகம் வரை நடக்க ஆகும் நேரம் அதில் சேராது. அதனால் வேலை நாளில், நெரிசல் நேரத்தில், போகவும் வரவும் நீங்களே பயணம் செய்து பாருங்கள். திரும்பி வரும் பயணத்தை யாரும் சோதிப்பதில்லை. ஆனால் அதுதான் அதிகம் பாடுபடுத்தும். கடைசி ரயில் எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் வேறு வழி உண்டா என்பதையும் கேட்டு வையுங்கள்.

ஒரு வழிக்கு 75 நிமிடம் என்றால் ஒரு நாளுக்கு இரண்டரை மணி நேரம். வருடத்துக்கு 220 வேலை நாள் என்று வைத்தால் 550 மணி நேரம். இரவு பகல் சேர்த்த முழு நாளாகக் கணக்கிட்டால் ஏறத்தாழ 23 நாள். மலிவாக வீடு கிடைக்கிறதே, அது இதை ஈடுகட்டாதா என்று தோன்றும். ஸ்விட்சர்லாந்துப் பொருளியலாளர்கள் புருனோ ஃப்ரையும் அலாய்ஸ் ஸ்டட்சரும் ஜெர்மனித் தரவுகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது. பயண நேரம் கூடக்கூட வாழ்க்கைத் திருப்தி குறைகிறது. சம்பளமோ வீட்டு வசதியோ அந்த இழப்பை முழுதாக ஈடுகட்டவில்லை.

வரைபடச் செயலி காட்டும் நேரத்தை விட ஒரு சின்ன நோட்டுப் புத்தகம்தான் எனக்குப் பிடிக்கும். கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம், அவ்வளவுதான். சராசரியைப் பார்க்காதீர்கள். அதில் இருக்கும் மோசமான நாளைப் பார்த்து, 'இது வாரம் ஒரு முறை வந்தால் தாங்குமா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: வானிலிருந்து ஒரு பார்வை

ஐரோப்பிய ஒன்றியத்தின் கூட்டு ஆய்வு மையம் 'குளோபல் சர்ஃபேஸ் வாட்டர்' என்ற வரைபடத்தை இலவசமாகத் தருகிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1984 முதல் எடுத்த படங்களை வைத்து, எந்த இடத்தில் எவ்வளவு காலம் தண்ணீர் நின்றது என்று அதில் நிறத்தால் காட்டியிருப்பார்கள். ஆறு முன்பு எந்த வழியாக ஓடியது, எந்தத் திருப்பத்தில் கரையைத் தின்றுகொண்டு நகர்கிறது என்பதெல்லாம் தெரிந்துவிடும். ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கக் கரை அரிக்கும், உட்பக்கக் கரையில் மணல் சேரும். வெளிப்பக்கக் கரையோரத்து வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் நான் தொட மாட்டேன்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் பார்க்கும் இடத்தில் அந்த வரைபடம் எதையும் காட்டவில்லை என்பதால் அங்கே வெள்ளமே வந்ததில்லை என்று முடிவு கட்டாதீர்கள். ஒரு லேண்ட்சாட் அதே இடத்துக்குத் திரும்பி வர 16 நாள் ஆகும். இரண்டு நாள் நின்று வடிந்த வெள்ளம் அதன் கண்ணிலேயே படாமல் போகலாம்; பட்டாலும் மழை மேகம் மறைத்திருக்கும். மேகத்தை ஊடுருவிப் பார்க்க ரேடார் வேண்டும். 2014 முதல் ஏவப்பட்டு வரும் சென்டினல்-1 செயற்கைக்கோள்கள் அதைச் செய்கின்றன. அவற்றின் படங்களும் இலவசம்தான். வயல்வெளியில் நின்ற தண்ணீரை அவை நன்றாகக் காட்டும். வீடுகள் நெருங்கிய தெருவில் தடுமாறும். ஆக, வானத்தை முதல் சல்லடையாக மட்டும் வைத்துக்கொண்டு மண்ணுக்கு இறங்குங்கள்.

படி 3: வெள்ளக் கோட்டுக்கும் வீட்டுத் தளத்துக்கும் உள்ள உயரம்

நான் அதிக நேரம் சிக்கிக் கிடந்தது இந்தப் படியில்தான். அதனால் விரிவாகவே சொல்கிறேன்.

"இந்த வீட்டுக்குள் தண்ணீர் வந்திருக்கிறதா?" என்று கேட்டால் "வந்ததே இல்லை" என்று பதில் வரும். பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஆனால் வாசற்படிக்கு ஒரு விரற்கடை கீழே வந்து நின்ற வெள்ளமும் 'வராத' வெள்ளம்தான். நமக்கு வேண்டியது ஒரே ஒரு அளவு: ஊர் கண்ட பெரிய வெள்ளத்தின் மட்டத்தை விட வீட்டின் தரைத்தளம் எத்தனை சென்டிமீட்டர் உயரம்?

இணைய வரைபடங்களில் கிடைக்கும் நில உயரத்தை வைத்து இதைச் செய்ய முடியாது. பரவலாகப் புழங்கும் இலவச உயரத் தரவுகளில் ஒன்று 2000-ஆம் ஆண்டு விண்வெளி ஓடத்திலிருந்து ரேடாரால் அளந்தது. பல மீட்டர் பிழை வரலாம். மரமோ கட்டடமோ இருந்தால் அவற்றின் உயரமும் ஓரளவு அந்த அளவில் சேர்ந்திருக்கும். நமக்குத் தேவை சென்டிமீட்டர் கணக்கு. அதற்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் லெவல் டியூப் போதும். செல்போனில் லேசர் மட்டம், சாய்வுமானி என்று வரும் செயலிகளை நம்ப வேண்டாம்.

முதலில் வெள்ளக் கோட்டைக் கண்டுபிடியுங்கள். வீட்டின் முன்பக்கச் சுவருக்குப் புதுச் சாயம் அடித்திருப்பார்கள். பின்பக்கம் போய்ப் பாருங்கள். பழைய சுற்றுச்சுவரில், பாலத் தூணில், பொதுக் கட்டடத்தின் வெளிச்சுவரில் பழுப்பு நிறத்தில் ஒரு நேர்கோடு இருக்கும். கோடு தெரியாவிட்டால் அண்டை வீடுகளைக் கவனியுங்கள். மின் மீட்டர் நெஞ்சு உயரத்துக்கு ஏறியிருக்கும், தண்ணீர் மோட்டார் மேடை மேல் உட்கார்ந்திருக்கும், வாசலில் புதிதாக இரண்டு படி முளைத்திருக்கும். பட்ட அனுபவம் இல்லாமல் யாரும் அதற்குச் செலவு செய்ய மாட்டார்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் "எந்தப் படி வரைக்கும் வந்தது?" என்று கேளுங்கள். தொட்டுக் காட்டுவார்கள்.

அப்புறம் அளவு. சுமார் 15 மீட்டர் நீளமுள்ள, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்புங்கள். கொஞ்சம் சாயம் கலந்தால் கண்ணுக்கு நன்றாகத் தெரியும். ஒரு முனையில் தண்ணீர் வெள்ளக் கோட்டுக்கு நேராக நிற்கும்படி ஒருவர் பிடிக்க, மறுமுனையை வீட்டை நோக்கி நீங்கள் கொண்டுபோங்கள். குழாய் எப்படி வளைந்து கிடந்தாலும் இரு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தைச் சுவரிலோ கம்பத்திலோ சாக்பீஸால் குறித்து, அங்கிருந்து அடுத்த தாவல். வாசல் வரை வந்ததும், குறித்த மட்டத்துக்கும் தரைத்தளத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

எனக்கு அளவு ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வந்துகொண்டே இருந்தது. காரணம் குழாய்க்குள் ஒட்டியிருந்த காற்றுக் குமிழி. குழாயின் அகலத்தை அடைக்கும் குமிழி இருந்தால் மட்டம் சறுக்கிவிடும். நிரப்பியதும் இரண்டு முனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்து, தண்ணீர் ஒன்றுபோல் நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் குழாயை விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலேற்றி வெளியேற்றுங்கள். நடக்கும்போது இரு முனைகளையும் கட்டைவிரலால் மூடிக்கொள்ளுங்கள். அளக்கும்போது இரண்டையும் திறந்துவிட வேண்டும். ஒன்று மூடியிருந்தால்கூட மட்டம் தவறாகத்தான் காட்டும்.

கோடு வீட்டுக்கு அருகில் கிடைப்பது நல்லது. வெள்ளத்தின் மேற்பரப்பும் ஆற்றோடு சேர்ந்து சரியும். சமவெளி ஆறுகளில் கிலோமீட்டருக்குப் பத்து, இருபது சென்டிமீட்டர் சரிவு சாதாரணம். ஆற்றின் ஓட்டத்தில் ஒரு கிலோமீட்டர் கீழே இருக்கும் பாலத்தின் கோட்டை அப்படியே எடுத்துக்கொண்டால் உங்கள் வீட்டு வாசலில் வெள்ளம் அதை விட உயரமாக நின்றிருக்கும்.

தளம் வெள்ளக் கோட்டுக்கு மேலே குறைந்தது 60 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். இது என் விருப்ப அளவு. கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் அதில் நான் இறங்கி வர மாட்டேன். 'நூறு ஆண்டு வெள்ளம்' என்றால் நூறு ஆண்டுக்கு ஒரு முறை வருவது என்று பொருள் இல்லை. எந்த ஓர் ஆண்டிலும் வர 1 சதவீத வாய்ப்பு. 30 ஆண்டுக் கடன் முடிவதற்குள் ஒரு முறையாவது வரும் வாய்ப்பு சுமார் 26 சதவீதம். ஐம்பது ஆண்டு வெள்ளம் என்றால் அதே காலத்தில் 45 சதவீதம்.

படி 4: ஆறு வாசல் வழியாக மட்டும் வராது

ஆற்றில் மட்டம் ஏறினால் ஊரின் வடிகால் போக இடமில்லாமல் எதிர்த்து ஏறும். கரை தாண்டாமலேயே தெருவில் தண்ணீர் நிற்பது இப்படித்தான். வீட்டின் கழிவுக் குழாயில் ஒருவழி வால்வு இருக்கிறதா என்று பாருங்கள். நிலத்தடி நீர் மட்டம் உயர்ந்திருக்கும் இடத்தில் செப்டிக் டேங்க் சரியாக வேலை செய்யாது. மழைக்காலத்தில் கழிவறை வடிகிறதா என்று குடியிருப்பவரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள். சுவரின் அடிப்பகுதியில் உப்புப் பூத்திருந்தாலோ ஓதம் அடித்தாலோ, தரையிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். அலமாரியை நகர்த்தச் சொல்லி அதன் பின்னால் பாருங்கள்.

படி 5: வெளியேறும் வழி

வீடு காய்ந்திருக்கும்; நிலையத்துக்குப் போகும் சாலை முழுகியிருக்கும். படி 3-இல் நல்ல மதிப்பெண் வாங்கிய வீடுகள் இங்கேதான் விழுகின்றன. அதனால் வீட்டிலிருந்து நிலையம் வரை நடந்து, வழியில் தாழ்வான இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ரயில்பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதை இருந்தால் அதுதான் முதலில் நிரம்பும். வேகமாக ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவரையும் தடுமாறி விழ வைக்கும். 30 சென்டிமீட்டரில் சின்னக் கார் மிதக்கத் தொடங்கும். 60 சென்டிமீட்டர் என்றால் பெரிய வண்டியும் போய்விடும்.

வேலைக்குப் போகும் வழியில் எத்தனை இடத்தில் ஆற்றைக் கடக்கிறீர்கள்? பாலம் ஒன்றுதான் என்றால், வெள்ளத்தில் அது மூடப்படும் நாளில் வழி இல்லை. நகரம் இருக்கும் அதே பக்கக் கரையில் உள்ள வீட்டுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம் என்பது என் உறுதியான கருத்து. நாங்கள் கடைசியில் வாங்கியதும் அப்படி ஒன்றுதான்: நகரத்துப் பக்கக் கரையில், இரண்டு தெரு உள்ளே தள்ளி, மேட்டில். ஜன்னலிலிருந்து ஆறு தெரியாது. நடந்துபோய்ப் பார்த்துக்கொள்கிறோம்.

படி 6: முதலில் வாடகைக்கு

முடிந்தால் ஒரு மழைக்காலம் அதே ஊரில் வாடகைக்கு இருங்கள். முடியாவிட்டால் கனமழை பெய்த மறுநாள் போய் நில்லுங்கள். வீட்டு விலையை ஒரு வருட வாடகையால் வகுத்துப் பாருங்கள். எண் இருபதைத் தாண்டினால் வாங்குவதற்கு வேறு வலுவான காரணம் வேண்டும். சின்ன ஊரில் விற்பது எளிதல்ல; வாங்க ஆள் வரவே மாதக்கணக்கில் ஆகும். ஏழெட்டு வருடமாவது இருப்போம் என்ற தெளிவு இல்லாவிட்டால் வாடகையே மேல். வெள்ளக் காப்பீடு வழக்கமான வீட்டுக் காப்பீட்டில் பல இடங்களில் சேராது. முன்பணம் கொடுக்கும் முன்பே விலைப்புள்ளி வாங்கிவிடுங்கள். காப்பீட்டாளர் தயங்கினால் அந்தத் தயக்கத்தை ஒரு தகவலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: மாடி வீடு என்றால் இந்த அளவெல்லாம் தேவையா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். தேவைதான். மின்பலகை, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் எந்திரம், வண்டி நிறுத்தும் இடம் ஆகியவை எந்த மட்டத்தில் இருக்கின்றன என்று பாருங்கள். இவை கீழ்த்தளத்தில் இருந்தால் மூன்றாவது மாடியிலும் விளக்கும் தண்ணீரும் நின்றுவிடும். படி 5 அப்படியே பொருந்தும்.

பின்சேர்க்கை 2: ஆற்றுக்குப் புதிதாகக் கரை கட்டிவிட்டார்கள், இனி பயமில்லை என்று விற்பவர் சொல்வதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். கரை சிறிய வெள்ளங்களை நிறுத்தும். ஆனால் ஆறு நிறைந்திருக்கும்போது ஊருக்குள் பெய்த மழையும் வெளியேற முடியாது. மடைக் கதவும் பம்பும் வேண்டும். பம்ப் எங்கே இருக்கிறது, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் உண்டா, அதை யார் இயக்குவார்கள் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேளுங்கள். கரை உடைந்தால் தண்ணீர் மெல்ல ஏறாது, ஒரேயடியாக வரும். அதனால் கரை கட்டுவதற்கு முன் இருந்த வெள்ளக் கோட்டை வைத்தே படி 3-ஐச் செய்யுங்கள்.

பின்சேர்க்கை 3: வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்தே வேலை என்றால் படி 1-இன் கணக்கு மாறாதா என்று கேட்டவர்களுக்கு: மாறும், 550 மணி நேரம் 330 ஆகிவிடும். அலுவலகம் அந்தச் சலுகையை எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். அதனால் கணக்கை இரண்டு விதமாகவும் போட்டு, ஐந்து நாள் கணக்கிலும் தாங்கும் வீட்டை மட்டும் பட்டியலில் வையுங்கள்.