கிராண்டில் பெயர் ஏறும் வரை: தோட்டப்புற நகரில் முதல் வீடு வாங்குவோருக்கு

மலேசியாவில், சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் முதல் வீடு ஒருவருடைய சம்பளத்தில் மட்டும் வாங்கப்படுவதில்லை. அப்பாவின் சேமநிதி, அம்மா கட்டி வந்த கூட்டுப் பணம், அடகுக் கடைக்குப் போன சங்கிலி எல்லாம் அதில் கலந்திருக்கும். அத்தனை பேருடைய உழைப்பும் சேர்ந்த பணத்தைக் கொடுத்துவிட்டுச் சாவியை வாங்கியதும் வீடு நமதாகிவிட்டது என்று பலர் நம்பிவிடுகிறார்கள். 1965ஆம் ஆண்டின் தேசிய நிலச் சட்டம் அப்படிச் சொல்வதில்லை. நில அலுவலகப் பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர். சாவியும் ரசீதும் வாங்கியவர் வழக்குத் தொடுக்க உதவலாமே தவிர, உரிமையைத் தந்துவிடாது.

பெயர் கிராண்டில், அதாவது நிலப் பட்டாவில், இல்லாதவர்களுக்கு என்ன நேரும் என்பதை நம் சமூகம் பட்டுத் தெரிந்துகொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், தலைமுறை தலைமுறையாகப் பால் மரம் வெட்டியவர்கள் தோட்டத்துக் குடியிருப்பான லயத்தைக் காலி செய்ய வேண்டியிருந்தது. அந்த நெருக்கடியில்தான், சுங்கை சிப்புட்டின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல், தொழிலாளர்களே சேர்ந்து தோட்டங்களை வாங்குவதற்காகத் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன்பே ‘சாரியான்’, அதாவது பதிவேட்டில் அந்த நிலத்தைப் பற்றி உள்ள விவரத் தாள், எடுத்துவிட வேண்டும். நில அலுவலகத்தில் கட்டணம் செலுத்தி யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பட்டா எண், லாட் எண், முக்கிம் (மாவட்ட உட்பிரிவு) பெயர் ஆகியவை தெரிந்திருந்தால் போதும். தரகர் காட்டும் நகலில் பழைய செய்தியே இருக்கலாம். சாரியான்தான் இன்றைய நிலையைக் காட்டும். அதிகாரபூர்வமான ‘சாரியான் ரஸ்மி’யே எடுப்பது நல்லது. எங்கே எடுப்பது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். கிராண்ட், பஜாக்கான் நெகிரி (குத்தகைப் பட்டா), எச்.எஸ்.டி. வகைப் பட்டாக்கள் மாநில நில, கனிம வள அலுவலகப் பதிவேட்டில் இருக்கும். பேராக்கில் அது ஈப்போவில் உள்ளது. கிராண்ட் முக்கிம், பஜாக்கான் முக்கிம், எச்.எஸ்.எம். வகைகள் மாவட்ட நில அலுவலகத்தில் இருக்கும். எச்.எஸ். என்று தொடங்கும் பட்டா இறுதி அளவை முடியாதது. அதில் உள்ள பரப்பளவு தற்காலிகமானது; இறுதிப் பட்டா வரும்போது எண்ணும் மாறும். அதற்காக வாங்காமல் விட வேண்டியதில்லை; ஆனால் வேலி எங்கே நிற்கிறது என்று விற்பவர் சொல்வதை எல்லையாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பட்டாவே இல்லாத வீடுகள்தாம் நம் ஊர்களில் அதிகம் பேரை ஏமாற்றியிருக்கின்றன. டி.ஓ.எல். எனப்படும் தற்காலிகக் குடியிருப்பு உரிமம் ஆண்டுதோறும் டிசம்பர் 31ஆம் தேதியோடு முடிந்துவிடும். அதைப் பிறருக்கு மாற்றித் தரச் சட்டத்தில் இடமில்லை. அந்த நிலத்தின் மேல் கல் வீடே கட்டியிருந்தாலும், சத்தியப் பிரமாண ஆணையர் முன் கையொப்பமிட்ட ஒப்பந்தமே இருந்தாலும், வாங்குபவரின் பெயர் ஏறுவதற்கு அங்கே பட்டா ஏதும் இல்லை. விலை குறைவாக இருப்பதற்குக் காரணமும் அதுவே.

அடுத்த கண்ணி, ரப்பர் நிலத்தைக் கூறு போட்டு ‘லாட்’ என்று விற்பது. தரையில் கல் நட்டிருப்பார்கள், எண் எழுதியிருப்பார்கள், மண் சாலைகூடப் போட்டிருப்பார்கள். சாரியானில் பார்த்தால் ஒரே பட்டா, வகை ‘பெர்த்தானியான்’ (விவசாயம்), நிபந்தனை ‘கெத்தா’ (ரப்பர்) என்றிருக்கும். அதில் வாங்குபவருக்குக் கிடைப்பது பிரிக்கப்படாத பங்கு மட்டுமே. எந்த மூலை தம்முடையது என்று பதிவேடு சொல்லாது. இத்தகைய நிலத்துக்கு வீட்டுக் கடன் கிடைப்பது அரிது; நில நிபந்தனையை மீறினால் அரசு பறிமுதல் வரை போகலாம். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைப் பலர் பெயருக்கு மாற்றுவதற்கோ, தோட்ட நில வாரியத்தின் ஒப்புதல் வேண்டும் என்று தேசிய நிலச் சட்டத்தின் 214ஏ பிரிவு கூறுகிறது. “பிறகு பிரித்துத் தருகிறோம்” என்ற வார்த்தையை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாரியானில் ‘செக்காத்தான் கெப்பெந்திங்ஙான்’ (உரிமைக் கட்டுப்பாடு) என்ற வரியையும் படிக்க வேண்டும். மாநில அரசின் அனுமதியின்றி மாற்றக் கூடாது என்று அங்கே எழுதியிருந்தால், அந்த அனுமதி வரும் வரை மாற்றப் பத்திரம் பதிவாகாது. மலிவு விலை வீடுகளிலும் குத்தகை நிலங்களிலும் இது வழக்கம். மலாய் ஒதுக்கீட்டு நிலமாக இருந்தால் நாம் அதை வாங்கவே இயலாது. கெவியட் (உரிமை மாற்றத்தைத் தடுத்து வைக்கும் பதிவு) இருக்கிறதா, வங்கி அடமானம் இருக்கிறதா என்பதும் அதே தாளில் தெரிந்துவிடும். நம் தரப்பு வழக்கறிஞர், ஒப்பந்தம் கையொப்பமானதும் 19பி பாரத்தில் தனியார் கெவியட் போட வேண்டும். அது 6 ஆண்டு வரை நிற்கும். விற்பவரின் வழக்கறிஞரே இரு தரப்பையும் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடுவது சிக்கனமாகாது. விற்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்று அசல் அடையாள அட்டையோடு சரிபார்ப்பதும் நம் வழக்கறிஞரின் வேலையே. போலிக் கையொப்பத்தால் வந்த பட்டா, நல்லெண்ணத்தோடு வாங்கியவரிடம் இருந்தாலும் ரத்தாகலாம் என்று கூட்டரசு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்துள்ளது.

பெயரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். என் அம்மாவின் பெயரைத் தோட்டத்துக் கிராணி ‘லெச்சமி’ என்று எழுதினார். அடையாள அட்டையில் அது ‘லெட்சுமி’ ஆனது. எங்கள் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுப் பத்திரங்கள் தயாரானபோது ஒன்றில் இந்தப் பெயர், இன்னொன்றில் அந்தப் பெயர். அட்டை எண்ணில் 7 இருக்க வேண்டிய இடத்தில் 1. கையொப்பமிடும் மேசையில் அம்மா அட்டையை எடுத்து வைத்து, ஒவ்வோர் எண்ணாக விரல் வைத்துப் படித்ததால்தான் அது கண்ணில் பட்டது. ஆகவே 14ஏ மாற்றப் பாரம், 16ஏ அடமானப் பாரம், ஒப்பந்தம் மூன்றிலும் பெயர், ‘ஏ/எல்’ (மகன்) அல்லது ‘ஏ/பி’ (மகள்), 12 இலக்க எண் ஆகியவை மைகார்டு அடையாள அட்டையில் உள்ளபடியே இருக்க வேண்டும். பழைய ஆவணத்தில் வேறு எழுத்து இருந்தால், இருவரும் ஒருவரே என்று சத்தியப் பிரமாணப் பத்திரம் முன்கூட்டியே செய்துவிடலாம்.

கணவன் மனைவி இருவர் பெயரில் வாங்கினால், பங்கு எவ்வளவு என்று 14ஏ பாரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போவதில்லை. உயில் இல்லையென்றால், 1958ஆம் ஆண்டு பகிர்வுச் சட்டப்படி துணைக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்கு அரைப் பங்கு, பெற்றோருக்குக் கால் பங்கு என்று அது பிரியும்.

முத்திரை வரி முதல் 100,000 வெள்ளிக்கு 1 விழுக்காடு, அடுத்த 400,000 வெள்ளிக்கு 2 விழுக்காடு. 300,000 வெள்ளி வீட்டுக்கு 5,000 வெள்ளி வரும். 500,000 வெள்ளிக்கு மேற்படாத முதல் வீட்டுக்கு 2021 முதல் முழு விலக்கு வழங்கப்பட்டு வருகிறது. ஒப்பந்தத் தேதி விலக்குக் காலத்துக்குள் அமைகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இதில் பலர் அறியாத ஒன்று உண்டு: அப்பாவின் வீட்டில் வாரிசாகச் சிறு பங்கு பெயரில் இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் நீங்கள் முதல் வீடு வாங்குபவர் அல்லர். அதை மறைத்துப் பிரமாணம் செய்யக் கூடாது.

அடுக்குமாடி வீடாக இருந்து ஸ்ட்ராட்டா பட்டா (மாடி வீட்டுக்கான தனிப் பட்டா) இன்னும் வரவில்லையென்றால், கையில் இருப்பது உரிமை ஒப்படைப்புப் பத்திரம் மட்டுமே. பட்டா வந்துவிட்டது என்று மேம்பாட்டாளர் கடிதம் அனுப்பும்போது, செலவுக்கு அஞ்சி அதை மேசை இழுப்பறையில் போட்டுவிடாதீர்கள். நிறுவனம் மூடப்பட்ட பிறகு கையொப்பத்துக்காக அலைவது அதைவிட அதிகம் செலவு வைக்கும்.

பதிவு முடிந்ததும் அசல் கிராண்ட் வங்கிக்குப் போய்விடும். அதற்குள் ஒரு நகல் வாங்கி, வரி வரியாகப் பாருங்கள். எழுத்துப் பிழை இருந்தால் தேசிய நிலச் சட்டத்தின் 380ஆம் பிரிவின் கீழ் பதிவாளர் திருத்துவார். ஆண்டுகள் கழித்துப் போனால் சாட்சியும் தாளும் தேட வேண்டிவரும். நில வரி, வீட்டு வரிக் கடிதங்கள் உங்கள் பெயருக்கும் முகவரிக்கும் வருமாறு மாற்றிக்கொள்ளுங்கள். பல ஆண்டுகளுக்குப் பிறகு கடன் முடியும்போது வங்கி 16என் பாரம் தரும். அதை நில அலுவலகத்தில் பதிந்த பிறகே அடமானம் பட்டாவிலிருந்து நீங்கும்.