ஓடும் தரவுக்கு எஸ்க்யூஎல்: ஷிப்ட் கணக்கு தப்பும் இடங்கள்

முழு நைட் முடிந்து காலை எட்டு மணிக்கு ஆள் மாறும்போது, நூற்பாலையில் சூப்பர்வைசர் ஒரு நோட்டோடு, நூல் நூற்கும் இயந்திரமான ஃபிரேம் ஒவ்வொன்றாக நடப்பார். ஒவ்வொன்றிலும் ஹேங்க் மீட்டரைப் பார்த்து எழுதுவார். ஒரு ஹேங்க் என்றால் 840 கெஜம் நூல். இப்போதைய ரீடிங்கிலிருந்து போன ஷிப்ட் ரீடிங்கைக் கழித்தால் அந்த ஃபிரேம் இந்த ஷிப்டில் ஓட்டியது கிடைத்துவிடும். கோவை, திருப்பூர் வட்டாரத்தில் மில்லோடு பழகியவர்களுக்கு இது தெரிந்த கணக்குதான்.

பல்லடம் பக்கம் ஓர் ஆலைக்கு இதே கணக்கைக் கிளவுடில் ஓடவிட நாங்கள் நாலு பேர் உட்கார்ந்தோம். ஃபிரேமில் சென்சார், அதன் ரீடிங்கைச் சேர்த்து அனுப்ப ஷெட்டுக்கு ஒரு கேட்வே, அங்கிருந்து செய்திகளை வாங்கி வைக்கும் ஈவென்ட் ஹப், அதன்மேல் ஸ்ட்ரீமிங் ஜாப் (டேபிளில் தரவைக் கேட்டுப் பெறும் மொழியான எஸ்க்யூஎல்லில் எழுதியது, செய்தி வர வர நிற்காமல் கணக்குப் போடுவது), கடைசியில் ஆபீஸ் திரை. நால்வருமே பல வருடமாக எஸ்க்யூஎல் எழுதுகிறவர்கள். அப்படியிருந்தும் முதல் வாரத்தில் ஒரு ஷிப்ட்கூட நோட்டோடு ஒத்துப்போகவில்லை. தேடிப் பார்த்ததில், தவறுகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நின்றன. டேபிளில் எழுதும்போது ‘இது எப்போது நடந்தது, எந்தக் கடிகாரப்படி’ என்று யாரும் நம்மைக் கேட்பதில்லை. ஸ்ட்ரீமில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஒரு வரிகூடச் சரியாக எழுத முடியாது.

வந்த நேரத்தை நடந்த நேரமாக எடுத்துக்கொள்வது

அந்த ஆலையில் இரண்டு ஷெட். ஒருநாள் மாலை நாலு மணிக்குச் சற்று முன்னால் ஒரு ஷெட்டில் மட்டும் நெட் போய்விட்டது. கேட்வே ரீடிங்கையெல்லாம் தன்னிடமே சேர்த்துவைத்து, முக்கால் மணி நேரம் கழித்து ஒரே மூச்சில் அனுப்பியது. மறுநாள் சூப்பர்வைசர் கூப்பிட்டார்: “ஏனுங்க தம்பி, பகல் ஷிப்ட்டுல ஓட்டுனதையெல்லாம் அரை நைட் ஆளுக கணக்குல ஏத்திப் போட்டீங்களே. பகல் ஆளுக என்னைய சும்மா உடுவாங்களா?”

மைக்ரோசாஃப்டின் ஸ்ட்ரீமிங் சேவையான அஸூர் ஸ்ட்ரீம் அனலிட்டிக்ஸில், எந்த நேரத்தைக் கொள்வது என்று சொல்லும் ‘டைம்ஸ்டாம்ப் பை’யை எழுதாவிட்டால், செய்தி வந்து சேர்ந்த நேரத்தையே நேரமாக எடுத்துக்கொள்ளும். அதைத்தான் நாங்கள் எழுதவில்லை. எழுதிய பிறகும் கணக்கு சரியாகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்க இன்னும் இரண்டு நாள் ஆனது. தாமதமாக வரும் செய்திக்கு எவ்வளவு பொறுப்பது என்று அங்கே தனியாக ஓர் அமைப்பு உண்டு. நாம் தொடாமல் விட்டால் அது 5 விநாடி. அதைத் தாண்டி வரும் செய்தியை என்ன செய்வது என்பதற்கு இயல்பான விடை ‘சரிசெய்’. பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அது செய்வது, செய்தியின் நேரத்தையே மாற்றி, வந்த நேரத்துக்கு 5 விநாடி முன்னால் கொண்டுவந்து வைப்பது. 3.50-க்கு ஓடிய நூல் 4.40-க்கு ஓடியதாகிவிடும். எங்கேயும் பிழை காட்டாது. இந்தப் பொறுமையை அதிகபட்சம் 20 நாள் வரை நீட்டலாம். உங்கள் ஊரில் நெட் எவ்வளவு நேரம் போகும் என்று பார்த்து வையுங்கள். மாதிரிக்குப் போட்டிருக்கும் எண்ணை அப்படியே விட்டுவிடாதீர்கள்.

இதே வேலைக்கான இன்னொரு மென்பொருளான அப்பாச்சி ஃபிளிங்கில் இதே தவறு வேறு முகத்தோடு வரும். அங்கே வாட்டர்மார்க் (‘இந்த நேரம் வரையிலான செய்திகள் வந்துவிட்டன’ என்ற குறி) ஒரு ஷிப்டின் முடிவைக் கடந்துவிட்டால் அதன் விண்டோ, அதாவது கணக்குக்காக வெட்டிய நேரத் துண்டு, மூடப்படும். அதன்பின் வரும் செய்தியைப் பேசாமல் தூக்கிப் போட்டுவிடும். வாட்டர்மார்க்கைப் பின்னால் தள்ளி வைத்தால் தாமதச் செய்திகள் உள்ளே வரும், ஆனால் பதிலும் அவ்வளவு நேரம் தாமதமாகும். ஒரே எண்ணை வைத்து இரண்டையும் சமாளிக்க முயலாதீர்கள் என்பது என் அபிப்பிராயம். திரையில் ஓடும் கணக்குக்குக் குறைந்த காத்திருப்போடு ஒரு ஜாப், சம்பளத்துக்குப் போகும் கணக்குக்கு ஒரு மணி நேரக் காத்திருப்போடு இன்னொன்று. கூடவே, வரும் செய்தி ஒவ்வொன்றையும் கைபடாமல் அப்படியே ஸ்டோரேஜில் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். கணக்கில் தகராறு வந்தால் அந்தப் பிரதிதான் சாட்சி.

கேட்வேயின் கடிகாரத்தையும் பாருங்கள். முன்னால் ஓடும் கடிகாரம், பின்னால் ஓடுவதைவிடக் கெடுதல். ஃபிளிங்கில் ஒரு கேட்வே பத்து நிமிடம் முந்தி ஓடினால், அது செய்தி போடும் பார்ட்டிஷனில் (ஸ்ட்ரீமைப் பிரித்த பாதைகளில் ஒன்று) வாட்டர்மார்க்கையும் இழுத்துக்கொண்டு போகும். சரியான நேரத்தோடு அதே பார்ட்டிஷனுக்கு வரும் மற்ற செய்திகள் தாமதக் கணக்கில் விழுந்துவிடும். அஸூரிலோ, வந்த நேரத்தைவிட 5 நிமிடத்துக்கு மேல் முந்திய நேரம் போட்ட செய்தி தூக்கி எறியப்பட்டுவிடும்.

அந்த ஐந்தரை மணி நேரம்

கிளவுடில் எல்லாக் கடிகாரமும் உலகப் பொது நேரமான யூடிசியில்தான் ஓடும். நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னே. நாள் கணக்கு காலை 5.30-க்குத் தொடங்குவதை எல்லோரும் சீக்கிரம் பிடித்துவிடுவார்கள். அந்த அரை மணிதான் கண்ணில் படாது. ஒரு மணி நேர விண்டோ நம் ஊர்க் கடிகாரத்தில் 8.30 முதல் 9.30 வரை என்று விழும். எட்டு மணி நேர விண்டோ போட்டால் காலை 5.30, மதியம் 1.30, இரவு 9.30 என்று வெட்டும். ஆலையின் ஷிப்ட் 8, 4, 12. எட்டு மணி நேரம்தானே என்று, அடுத்தடுத்துச் சம துண்டாக வெட்டும் டம்ப்ளிங் விண்டோவை எழுதிவிட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு ஷிப்டைக் கலந்த ஓர் எண்ணைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தோம்.

காலை எட்டு என்பது யூடிசியில் 2.30. ஆகவே அஸூரில் விண்டோவுக்கு 150 நிமிட ஆஃப்செட் (தொடக்கத்தைத் தள்ளிவைக்கும் அளவு) கொடுக்க வேண்டும். ஃபிளிங்கில் நேரம் இருக்கும் நெடுவரிசையின் வகையை, உள்ளூர் நேர மண்டலத்தைப் பார்க்கும் டைம்ஸ்டாம்ப் எல்டிஇசட் என்று வைத்து, செஷனின் நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று அமைத்தால், எட்டு மணி விண்டோ தானாகவே நள்ளிரவு, காலை 8, மாலை 4 என்று வந்து நிற்கும். கோடைக்கும் குளிருக்கும் கடிகாரத்தை மாற்றும் வழக்கம் நமக்கு இல்லாததால் இதை ஒருமுறை சரியாக வைத்தால் போதும்.

எல்லையிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. சரியாக 8:00:00-க்கு வரும் ரீடிங் எந்த ஷிப்டுக்கு? அஸூரில் விண்டோவின் தொடக்கம் சேராது, முடிவு சேரும். அதனால் முழு நைட்டுக்குப் போகும். ஃபிளிங்கில் தொடக்கம் சேரும், முடிவு சேராது. பகலுக்குப் போகும். சென்சார் முழு நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்பினால் ஒவ்வொரு ஷிப்ட் மாற்றத்திலும் இப்படி ஒரு ரீடிங் வரும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஜாப்பை மாற்றும்போது இதைக் கட்டாயம் பாருங்கள்.

மீட்டரைக் கூட்டுவது

எங்கள் முதல் குவெரியில் ஹேங்க் நெடுவரிசைக்கு, கூட்டும் ஃபங்ஷனான ‘சம்’ போட்டிருந்தோம். மீட்டர் ஏறிக்கொண்டே போகும் எண். நிமிடத்துக்கு நிமிடம் அதைக் கூட்டினால் வருவது எதற்கும் உதவாத எண். அந்த நோட்டைக் கொஞ்சம் ஊன்றிப் பார்த்திருந்தாலே போதும், கழித்தல் அதிலேயே இருந்தது.

அஸூரில் லாக் என்ற ஃபங்ஷன் முந்தைய ரீடிங்கை எடுத்துத் தரும். அதை ஃபிரேம் எண்படி தனித்தனியாகப் பிரிக்க மறந்தால் ஏழாம் ஃபிரேமிலிருந்து ஆறாம் ஃபிரேமைக் கழித்துவிடும். எவ்வளவு காலம் பின்னோக்கித் தேடுவது என்றும் எல்லை சொல்ல வேண்டும். ஒரு மணி நேரம் என்று வைத்தோம். மெயின்டெனன்ஸுக்காக ஒரு ஃபிரேமை அரை நாள் நிறுத்தி மறுபடி ஓட்டியபோது முந்தைய ரீடிங் கிடைக்காமல் ‘நல்’ (மதிப்பு இல்லை) வந்தது. அந்த வித்தியாசம் கணக்கில் ஏறவே இல்லை.

மீட்டரைப் பூஜ்யமாக்கினால் கழித்தலில் மைனஸ் வரும். மைனஸ் வந்தால் புது ரீடிங்கையே எடுத்துக்கொள் என்று குவெரியில் நிபந்தனை (கேஸ்) எழுதுவார்கள். அதிலும் ஓர் ஆபத்து: வரிசை தப்பி வந்த பழைய ரீடிங்கும் பூஜ்யமாக்கியது போலவே தெரியும். ஃபிரேம் ஓட்டாத ஆயிரக்கணக்கான ஹேங்க் கணக்கில் ஏறிவிடும். சென்சாரே ‘எத்தனையாவது தடவை பூஜ்யமானது’ என்று இன்னோர் எண்ணையும் சேர்த்து அனுப்பினால் இரண்டையும் பிரித்துவிடலாம். எங்கள் கேட்வேயில் இதற்கு ஒரு வரி சேர்த்ததோடு தொல்லை தீர்ந்தது.

இத்தனைக்குப் பிறகும், சென்சார் ஏறும் எண்ணை அனுப்புவதே மேல் என்பேன். ‘இந்த நிமிடம் இவ்வளவு’ என்று துண்டாக அனுப்பினால், நெட் தடுமாறி ஒரே செய்தி இருமுறை வந்தால் இரட்டிப்பாகும். ஒன்று தொலைந்தால் தொலைந்ததுதான். ஏறும் எண்ணில் இருமுறை வந்தால் வித்தியாசம் பூஜ்யம். ஒன்று தொலைந்தாலும் அடுத்தது அதை ஈடுகட்டிவிடும்.

சின்னதாகத் தெரிந்து பெரிதாகக் கடிப்பவை

ஒரு கேட்வேயில் ஃபெர்ம்வேரை (உள்ளே பதிந்த மென்பொருள்) மாற்றினார்கள். அதுவரை எண்ணாக வந்த ரீடிங் சில நேரம் வெற்று எழுத்தாக வந்தது. எண் வகைக்கு மாற்றும் ‘காஸ்ட்’ அதில் தடுக்கி, முழு ஜாப்பும் நின்றது. ட்ரை காஸ்ட் போட்டிருந்தால் அந்த ஒன்று மட்டும் ‘நல்’ ஆகி மற்றவை போய்க்கொண்டிருக்கும். அந்த நல்களைத் தனி அவுட்புட்டுக்குத் திருப்பி, தினமும் ஒருவர் பார்க்க வேண்டும்.

ஃபிரேமில் 40-ஆம் நம்பர் நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது ஆர்டர் மாறி 60-க்குப் போவார்கள். ஹேங்க்கைக் கிலோவாக மாற்ற அந்த நம்பர், அதாவது நூலின் மென்மையைச் சொல்லும் கவுண்ட், வேண்டும். ‘இப்போது என்ன கவுண்ட்’ என்று மட்டும் சொல்லும் டேபிளோடு ஜாயின் செய்தால் (இணைத்தால்), தாமதமாக வந்த பழைய ரீடிங்குக்கும் புதுக் கவுண்ட் ஒட்டிக்கொள்ளும். அந்த நேரத்தில் இருந்த கவுண்ட்டைத் தேடும் டெம்போரல் ஜாயின்தான் இங்கே வேலைக்காகும்.

இரண்டு ஸ்ட்ரீமை ஜாயின் செய்யும்போது அஸூர் கால எல்லை கேட்காமல் விடாது. ஃபிளிங்கின் சாதாரண ஜாயின் கேட்காது. இரண்டு பக்கமும் வந்ததையெல்லாம் நினைவில் வைத்துக்கொண்டே போகும். இப்படி நினைவில் வைத்திருப்பதன் (ஸ்டேட்) ஆயுள் நாம் வைக்காதவரை முடிவில்லாதது. முதல் மாதம் ஒன்றும் தெரியாது.

எந்தச் செய்தி எந்தப் பார்ட்டிஷனுக்கு என்று முடிவு செய்யும் பார்ட்டிஷன் கீயாக ஆலையின் பெயரை வைக்காதீர்கள். பெரிய ஆலை முழுவதும் ஒரே பார்ட்டிஷனில் போய் நெருக்கும். ஃபிரேம் எண் போதும்.

பழைய பாடத்தைப் பார்த்து ஆரம்பிப்பவர்களுக்கு ஒன்று: அமேசானின் கைனெசிஸ் டேட்டா அனலிட்டிக்ஸில் இருந்த எஸ்க்யூஎல் வகையின் ஆயுள் 2026 ஜனவரியோடு முடிந்தது. அங்கே இனி ஃபிளிங்க் சேவைதான். செலவிலும் கவனம் வேண்டும். ஸ்ட்ரீமிங் ஜாப் கேள்வி கேட்டு முடித்ததும் நின்றுவிடாது, ஓடும் மணிக்கெல்லாம் காசு. சோதனைக்குப் போட்ட ஜாப்பை வெள்ளிக்கிழமை மாலை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தீபாவளி வாரம்

தீபாவளிக்கு முன்தினம் ஆலை நின்றது. ஆட்கள் ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். ஃபிளிங்கில் கட்டியிருந்த இரண்டாவது ஆலையில் கடைசி ஷிப்டின் கணக்கு மட்டும் வரவே இல்லை. ஜாப் பச்சை விளக்கோடு ஓடிக்கொண்டிருந்தது. செய்தி வந்தால்தான் வாட்டர்மார்க் நகரும். எல்லா ஃபிரேமும் நின்றுவிட்டால் நகர்த்த ஆளில்லை, விண்டோவும் மூடாது. ஒரு பார்ட்டிஷன் மட்டும் சும்மா இருந்தால், அதை ஒதுக்கிவிட்டு நகரச் செய்யும் ஐடில் டைம்அவுட் உதவும். மொத்தமும் ஓய்ந்தால் அதுவும் உதவாது. ஆலை திறந்து முதல் ஃபிரேம் ஓடியபோதுதான் அந்தக் கணக்கு விழுந்தது. இப்போது கேட்வேகள் மெஷின் நின்றிருந்தாலும் நிமிடத்துக்கொரு வெற்றுச் செய்தி அனுப்புகின்றன, அதற்காகக் கேட்வேக்கு மட்டும் லீவிலும் மின்சாரம் விட்டுவைத்திருக்கிறோம்.

லீவுக்கு முன்னால் இன்னொன்றும் பார்த்துவிடுங்கள். ஜாப் விழுந்து யாரும் கவனிக்காமல் நாலு நாள் போனால், படிக்கப்படாத செய்திகள் அதுவரை இருக்குமா? செய்திகளை வாங்கி வைக்கும் மென்பொருளான காஃப்கா நாம் மாற்றாவிட்டால் 7 நாள் வைத்திருக்கும். அமேசானில் அதே வேலையைச் செய்யும் கைனெசிஸ் டேட்டா ஸ்ட்ரீம்ஸ் 24 மணி நேரம்தான். நாலு நாள் லீவுக்கு அது காணாது. கிளம்புமுன் அந்த எண்ணை ஏழு நாளாக உயர்த்துங்கள். திரும்பி வந்து அஸூர் ஜாப்பைக் கிளப்பும்போது ‘இப்போதிருந்து’ என்பதைத் தொடாமல், ‘கடைசியாக நின்ற இடத்திலிருந்து’ என்பதைத் தேர்ந்தெடுங்கள்.